பழைய வண்டியும் வாரண்டிக் காகிதமும்

ஓசூர், கிருஷ்ணகிரி பக்கத்தில் இப்போது பழைய கார் வாங்குகிறவர்கள் அதிகம். தொழிற்சாலையில் வேலை பார்க்கும் பிள்ளைகளுக்குப் புதுக் காரின் விலை கைக்கு எட்டுவதில்லை. பெங்களூரு பக்கத்திலேயே இருக்கிறது. அங்கே நான்கைந்து வருடம் ஓட்டிவிட்டு விற்கிறவர்களுக்குக் குறைவில்லை. விலை பேசி முடிந்து, முன்பணம் கொடுக்கும் நேரத்தில் விற்பனையாளர் ஒரு காகிதத்தை நீட்டுகிறார். "எக்ஸ்டெண்டட் வாரண்டி சார். இன்னும் கொஞ்சம் கட்டினால் ஒரு வருடம் நிம்மதி" என்கிறார்.

வாங்கலாமா, வேண்டாமா? இந்தக் கேள்விக்கு நீண்ட பூர்வீகம் உண்டு. விற்ற பொருளில் பிறகு குறை தெரிந்தால் யார் பொறுப்பு என்ற பழைய வழக்கின் கடைசிக் கிளைதான் இந்தக் காகிதம். அந்தப் பூர்வீகம் தெரிந்தால் முடிவெடுப்பது சுலபம் என்பதால் எழுதுகிறேன்.

நம் பக்கத்து மாட்டுச் சந்தையிலிருந்தே தொடங்கலாம். போச்சம்பள்ளிச் சந்தையில் ஆலம்பாடி மாடு பிடிக்கப் போன பெரியவர்கள் முதலில் வாயைத் திறந்து பல்லைப் பார்ப்பார்கள். இரண்டு பல்லா, நான்கு பல்லா, கடை முளைத்துவிட்டதா என்று எண்ணினால் வயது தெரிந்துவிடும். பிறகு சுழி பார்ப்பார்கள், நடக்க விட்டுப் பார்ப்பார்கள், வண்டியில் பூட்டியும் பார்ப்பார்கள். தரகர் துண்டுக்குள் விரலைப் பிடித்து விலை பேசுவார். ஏமாற்று வேலையும் இருந்தது. கறவை மாட்டை ஒரு வேளை கறக்காமல் விட்டு மடி பெருத்துத் தெரியும்படி ஓட்டி வருவார்கள். இன்று கிலோமீட்டர் மீட்டரைக் குறைத்து வைப்பதும் அதே வித்தைதான். அன்று காகிதம் கிடையாது. விற்றவர் எந்த ஊர், யார் வீட்டுப் பிள்ளை என்று தரகருக்குத் தெரியும் என்பதுதான் வாரண்டி.

ரோமாபுரியிலும் இதே தொல்லை இருந்திருக்கிறது. அங்கே சந்தையை மேற்பார்வை செய்த அதிகாரிகள் ஓர் ஆணை போட்டார்கள். அடிமையையோ மாடு குதிரையையோ விற்கிறவன், அதற்குள்ள நோயையும் குறையையும் முன்கூட்டியே சொல்ல வேண்டும். சொல்லாமல் விற்றால் வாங்கியவன் ஆறு மாதத்துக்குள் திருப்பிக் கொடுக்கலாம். ஒரு வருடத்துக்குள் விலையில் ஒரு பகுதியைத் திரும்பக் கேட்கலாம். மனிதரை விற்ற கொடுமை வேறு விஷயம். ஆனால் மறைந்திருக்கும் குறைக்கு விற்றவனே பொறுப்பு என்ற கருத்து அங்கேயே எழுத்தில் வந்துவிட்டது.

அந்தக் கருத்தைப் பிரெஞ்சுக்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள். நான் காரைக்காலில் பிரெஞ்சு வழியில் படித்தவன். எங்கள் பக்கத்தில் கோத் சிவில் என்றால் பெரியவர்களுக்கு ஒரு மரியாதை. நெப்போலியன் காலத்தில், 1804-இல் வந்த அந்தச் சட்டத்தின் 1641-ஆம் பிரிவு 'வீஸ் காஷே', அதாவது மறைந்த குறை பற்றியது. வாங்கிய பொருளில் கண்ணுக்குத் தெரியாத குறை இருந்து, அதனால் பொருள் பயன்படாமல் போனாலோ, முன்பே தெரிந்திருந்தால் இந்த விலை கொடுத்திருக்க மாட்டோம் என்ற அளவுக்குப் பயன் குறைந்தாலோ விற்றவரே பொறுப்பு. அவருக்கே அந்தக் குறை தெரியாது என்றாலும் பொறுப்புதான். வாங்கியவர் பொருளைத் திருப்பிக் கொடுத்து முழுப் பணம் வாங்கலாம், அல்லது பொருளை வைத்துக்கொண்டு ஒரு பகுதியைத் திரும்பப் பெறலாம். தெரிந்தே மறைத்திருந்தால் நஷ்டஈடும் உண்டு. ஆனால் கண்ணால் பார்த்தாலே தெரியும் குறைக்கு வாங்கியவர்தான் பொறுப்பு. பிரான்சில் இன்றும் பழைய கார் வழக்குகளில் இந்தப் பிரிவுதான் பேசுகிறது. குறை தெரிந்த நாளிலிருந்து இரண்டு வருடம் கெடு.

ஆங்கிலேயர் வழி வேறு. வாங்குகிறவன் கண்ணைத் திறந்து பார்த்து வாங்கட்டும் என்பது அவர்கள் வாதம். 1603-இல் லண்டனில் ஒரு வழக்கு. ஒரு பொற்கொல்லர், நம்மூர்க் கோரோசனை போல மிருகத்தின் வயிற்றில் விளைவதாகச் சொல்லப்பட்ட அபூர்வக் கல் என்று கூறி ஒரு கல்லை 100 பவுனுக்கு விற்றார். அது அந்தக் கல்லே இல்லை. வாங்கியவர் வழக்குப் போட்டார். அவர் அப்படிச் சொன்னாரே தவிர உத்தரவாதம் கொடுக்கவில்லை என்று தீர்ப்பு வந்தது. 'சொன்னது' வேறு, 'வாரண்டி கொடுத்தது' வேறு! வாரண்டி என்ற சொல்லுக்கு அவர்கள் நாட்டில் ஏன் அவ்வளவு மதிப்பு என்று இந்த ஒரு வழக்கிலேயே புரிந்துவிடும்.

நமக்கு வந்து சேர்ந்தது ஆங்கிலேயர் வழிதான். 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தில் 17-ஆம் பிரிவின் கீழ் சில உதாரணங்கள் இருக்கின்றன. மூன்றை மட்டும் சொல்கிறேன்; மூன்றும் குதிரை வியாபாரம். (குதிரை நமக்கும் அந்நியமல்ல. ஓசூருக்குப் பக்கத்து மத்திகிரிப் பண்ணையே கம்பெனிப் படைக்குக் குதிரை வளர்க்கத் தொடங்கிய இடம்.) முதல் உதாரணம்: நோயுள்ள குதிரை என்று தெரிந்தும் ஒருவர் வாயைத் திறக்காமல் ஏலத்தில் விற்கிறார். அது மோசடி ஆகாது. இரண்டாவது: வாங்குகிறவள் அப்போதுதான் மேஜரான அவருடைய சொந்த மகள். அப்போது சொல்ல வேண்டிய கடமை உண்டு. மூன்றாவதுதான் நமக்கு வேண்டியது. வாங்குகிறவர், "நீங்கள் மறுக்காவிட்டால் குதிரை நன்றாக இருக்கிறது என்று எடுத்துக்கொள்கிறேன்" என்கிறார். விற்பவர் பேசாமல் நிற்கிறார். அந்த மௌனம் பேச்சுக்குச் சமம் என்கிறது சட்டம்.

150 வருடம் கழித்தும் அந்த வாசகம் சட்டப் புத்தகத்தில் அப்படியே இருக்கிறது. கேட்காதவனுக்குச் சட்டம் உதவாது, கேட்டவனுக்கு உதவும் என்பதுதான் அதன் சாரம். சாதாரணக் கவனத்தோடு பார்த்தாலே உண்மை தெரிந்திருக்கும் என்றால், மௌனத்தைக் காட்டி ஒப்பந்தத்தை முறிக்க முடியாது என்று 19-ஆம் பிரிவு சேர்த்துச் சொல்கிறது. ஆகவே பார்க்கவும் வேண்டும், கேட்கவும் வேண்டும்.

1930-இல் சரக்கு விற்பனைச் சட்டம் தனியாக வந்தது. அதன் 16-ஆம் பிரிவும் தரத்துக்குப் பொதுவாக உத்தரவாதம் இல்லை என்றே தொடங்குகிறது. பிறகு விலக்கு சொல்கிறது. அந்த வகைப் பொருளையே வியாபாரம் செய்கிறவரிடம் வாங்கினால், அது விற்பனைக்குத் தகுந்த தரத்தில் இருக்க வேண்டும். ஆனால் சோதித்துப் பார்த்து வாங்கியிருந்தால், அந்தச் சோதனையில் தெரிந்திருக்க வேண்டிய குறைக்குப் பாதுகாப்பு இல்லை. 62-ஆம் பிரிவின்படி இருவரும் சம்மதித்து இந்தப் பாதுகாப்பையே எழுதி நீக்கிவிடலாம். விற்பனை ரசீதின் பின்பக்கத்தில் 'உள்ளது உள்ளபடி' என்று பொடி எழுத்தில் வருவது இதனால்தான்.

என் வயதுக்காரர்கள் கேட்கலாம், நாம் கார் பார்த்த காலத்தில் வாரண்டி யார் பேசினார்கள் என்று. உண்மைதான். அம்பாசடர், பியட், ஸ்டாண்டர்டு என்று விரல் விட்டு எண்ணும் வண்டிகள். புது வண்டிக்குப் பதிவு செய்துவிட்டு வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அதனால் ஓடிய வண்டிக்கும் மவுசு. எந்தப் பாகம் போனாலும் ஊர் மெக்கானிக் ஒரு ஸ்பேனரும் கொஞ்சம் சாமர்த்தியமும் வைத்துக்கொண்டு ஓட வைத்துவிடுவார். 1983 டிசம்பர் 14-ஆம் தேதி முதல் மாருதி 800-இன் சாவியை இந்திரா காந்தி கொடுத்தார். அதற்குப் பிறகு வண்டி சாதி மாறிவிட்டது. படிப்படியாக எலக்ட்ரானிக் பெட்டி, ஏபிஎஸ், ஆட்டோமேட்டிக் கியர் எல்லாம் வந்தன. பழுதாவது குறைந்தது; பழுதானால் ஆகும் செலவு ஏறியது. அந்தப் பயத்தில் பிறந்ததுதான் இன்றைய நீட்டிப்பு வாரண்டி.

இந்தச் சந்தையை ஆராய்ந்த ஒருவரைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். ஜார்ஜ் அகர்லாஃப் என்ற அமெரிக்கப் பொருளாதார அறிஞர் 1967-68-இல் டெல்லியில் இருந்தவர். 1970-இல் பழைய கார் சந்தை பற்றி ஒரு சிறு கட்டுரை வெளியிட்டார். 2001-இல் நோபல் பரிசு கிடைத்தது. அவர் வாதம் எளிமையானது. வண்டியின் குறை விற்பவருக்குத் தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. அதனால் வாங்குபவர் சராசரி விலைதான் கொடுப்பார். நல்ல வண்டி வைத்திருப்பவர் அந்த விலைக்கு விற்க மனமில்லாமல் விலகிக்கொள்வார். கடைசியில் சந்தையில் சொத்தை வண்டிகள் மிஞ்சும். இந்தியப் பெண்கள் கடை அரிசியில் வேண்டுமென்றே கலந்த கல்லைப் பொறுக்குவதையும் அதே கட்டுரையில் உதாரணம் காட்டியிருக்கிறார்!

இதற்கு மருந்தாக அவர் சொன்னவற்றில் ஒன்று உத்தரவாதம். விற்பவர் தன் கைக்காசைப் பணயம் வைத்து உத்தரவாதம் கொடுத்தால் வண்டி நல்லது என்று நம்பலாம். சொத்தை வண்டிக்கு அப்படிக் கொடுத்தால் அவருக்குத்தானே நஷ்டம்? நம் நாட்டில் 2001-இல் மாருதியின் ட்ரூ வேல்யூ தொடங்கிய பிறகு கம்பெனிப் பெயரோடு, சோதனைச் சான்றோடு, வாரண்டியோடு பழைய கார் விற்பது பரவியது. 2023 ஏப்ரல் முதல் பழைய வண்டி வியாபாரிகள் போக்குவரத்து அலுவலகத்தில் அங்கீகாரச் சான்று பெற வேண்டும் என்றும் மத்திய அரசின் விதி வந்திருக்கிறது.

இங்கேதான் ஒரு வித்தியாசத்தைக் கவனிக்க வேண்டும். விற்பவர் சும்மா கொடுக்கும் வாரண்டி, வண்டிக்கு அவர் சொல்லும் சாட்சி. நாம் தனியாகப் பணம் கட்டி வாங்கும் வாரண்டி சாட்சி அல்ல, காப்பீடு. பல சமயம் அதைக் கொடுப்பது வேறு ஒரு கம்பெனி. வண்டி சொத்தையாக இருந்தால் விற்றவருக்கு நஷ்டமில்லை. ரோமாபுரியும் பிரெஞ்சுச் சட்டமும் விற்றவர் தோளில் வைத்த சுமையை ஆங்கிலச் சட்டம் நம் தோளுக்கு மாற்றியது. அந்தச் சுமையைக் கொஞ்சம் இறக்கிவைக்க நம்மிடமே இப்போது கட்டணம் கேட்கிறார்கள். காப்பீடு என்றால் காப்பீட்டுக் கணக்குதான் போட வேண்டும். கொடுக்கிறவர் வசூலிப்பதைவிடக் குறைவாகத்தான் திருப்பிக் கொடுப்பார். இல்லாவிட்டால் அவர் பிழைக்க முடியாது. நம்மால் தாங்க முடியாத செலவுக்கு மட்டும்தான் அது லாபம்.

காகிதத்தைப் படித்தால் பெரும்பாலும் இப்படி இருக்கும். என்ஜின், கியர் பெட்டிக்கு உண்டு. கிளட்ச் பிளேட், பிரேக், டயர், பேட்டரி, ரப்பர் சாமான்களுக்கு இல்லை. ஏற்கெனவே இருந்த குறைக்கு இல்லை. வெள்ளத்தில் நின்றதற்கு இல்லை. அவர்கள் சொல்லும் இடத்தில், சொல்லும் நேரத்தில் சர்வீஸ் விட்டிருக்க வேண்டும். கொடுக்கும் தொகைக்கு உச்சவரம்பும் உண்டு. காவேரிப்பட்டினத்தில் வண்டி நின்றால் அறுபது கிலோமீட்டர் தள்ளி ஓசூருக்கு இழுத்துப்போகும் செலவு யாருடையது என்றும் பார்க்க வேண்டும்.

சென்ற வருடம் என் மருமகன் பெங்களூரில் ஒரு காரைப் பார்த்துவிட்டு, "மாமா, வாரண்டி சேர்த்து வாங்கிடட்டுமா?" என்றார். "மாப்பிள்ளை, முதல்ல நாலு கேள்வியை வாட்ஸ்அப்பில் எழுதிக் கேளுங்க" என்றேன். விபத்து உண்டா, மீட்டர் கை வைக்காததுதானா, கடன் பாக்கி உண்டா, தண்ணீரில் நின்றதா. 2022 செப்டம்பரில் பெங்களூரு வெள்ளத்தில் எத்தனை கார்கள் மூழ்கின என்று நாம் டிவியில் பார்த்தோமே. மூன்று கேள்விக்கு உடனே பதில் வந்தது. தண்ணீர்க் கேள்விக்கு இரண்டு நாள் பதிலே இல்லை. சட்டப்படி அந்த மௌனமும் பேச்சுதான். ஆனாலும் வழக்காடுவதைவிட விலகுவது மலிவு என்று அவர் வேறு வண்டி பார்த்தார். அந்த வாரண்டியை வாங்கியிருந்தாலும் வெள்ளம் அதில் சேராது.

ஆகவே என் கருத்து இது. நமக்குப் பழக்கமான மெக்கானிக்கைக் கூட்டிப்போய்ச் சோதிக்கச் செலவிடும் ஆயிரம், இரண்டாயிரம்தான் முதல் வாரண்டி. எழுத்தில் கேட்டு வாங்கும் பதில் இரண்டாவது. கர்நாடகப் பதிவு வண்டி என்றால் தடையில்லாச் சான்றும், இங்கே கட்ட வேண்டிய வரியும் கணக்கில் சேரட்டும். இதற்கெல்லாம் பிறகு, ஆட்டோமேட்டிக் கியர் போன்ற விலை உயர்ந்த பாகமுள்ள வண்டி, வாரண்டி கொடுப்பது வண்டியைச் செய்த கம்பெனியே, உச்சவரம்பும் போதுமானது என்றால் வாங்கலாம். சாதாரணக் கியர் வைத்த சின்னப் பெட்ரோல் வண்டிக்கு வேண்டாம். அந்தப் பணத்தைத் தபால் அலுவலகத்தில் போட்டு வையுங்கள். கிளட்ச் தேய்ந்தாலும் அது கொடுக்கும்.

வாங்கினாலும் வாங்காவிட்டாலும் ரசீது, விளம்பரம், வாட்ஸ்அப் பேச்சு எதையும் அழிக்காதீர்கள். வியாபாரியிடம் வாங்கி ஏமாந்தால் நுகர்வோர் ஆணையத்தில் முறையிட இரண்டு வருடம் அவகாசம் உண்டு. அங்கே கேட்கப்போகும் முதல் கேள்வியே, நீங்கள் என்ன கேட்டீர்கள், அவர் என்ன சொன்னார் என்பதாகத்தான் இருக்கும்.