தேயிலையின் நார்ப்படலம்

தேயிலையைப் பொதிந்து வைப்பதற்காகத் தாவர நாரிலிருந்து செய்யப்படும் மெல்லிய தாள்களும் ஒளிபுகும் படலங்களும் நார்ப்படலம் என்ற வகைக்குள் அடங்கும். தேநீர்ப் பையின் தாள், பழைய பொட்டலங்களைச் சுற்றியிருந்த செலோபேன், ஏற்றுமதிச் சாக்கின் கிராஃப்ட் தாள், தேயிலைக் கன்றுகளுக்காகத் தேடப்படும் உக்கும் உறைகள் எல்லாம் இந்த ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. இவற்றின் அடிப்படைப் பொருள் செலுலோசு. தனியாக நிற்கும் செலுலோசு நீரைத் தாங்காது. அதனால் ஏறத்தாழ நூறு ஆண்டுகளாக அதனுடன் ஏதேனும் ஒரு பல்பகுதியம், அதாவது பொலிமர், சேர்க்கப்பட்டு வருகிறது. எந்தப் பொலிமரைச் சேர்த்தார்கள் என்பதைப் பொறுத்தே அந்த உறை மண்ணுக்குத் திரும்புமா, மண்ணிலேயே கிடக்குமா என்பது முடிவாகிறது. இலங்கை மலையகத்தின் தேயிலை இந்த வரலாற்றின் எல்லாக் கட்டங்களையும் கண்டிருக்கிறது.

பெட்டிக் காலம்

இஸ்டோர் என்று தோட்டத்து மக்கள் சொல்லும் தேயிலைத் தொழிற்சாலையில், உலர்த்தும் இயந்திரத்தை விட்டு வெளிவரும் தூளில் சுமார் 3 சதவீத ஈரமே இருக்கும். அதைத் திறந்து வைத்தால் மலைநாட்டு மூடுபனியின் ஈரத்தை உறிஞ்சி மணம் இழக்கும். அருகில் இருக்கும் சவர்க்காரம், மண்ணெண்ணெய், மிளகு எதன் வாடையையும் தன்னோடு சேர்த்துக்கொள்ளும். கொழுந்து பறிப்பதிலும் வாட்டுவதிலும் அரைப்பதிலும் காட்டிய கவனம் முழுவதும் உறை சரியில்லாவிட்டால் வீணாகிவிடும்.

ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரத் தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை நட்டது 1867இல். 1873இல் 23 இறாத்தல் தேயிலை இலண்டனுக்குச் சென்றது. 1883 ஜூலை 30ஆம் திகதி கொழும்பில் முதல் பகிரங்க ஏலம் நடந்தது. அடுத்த ஆண்டு இரயில்பாதை ஹட்டனையும், 1885இல் நானுஓயாவையும் எட்டியது. அதன்பின் தேயிலை பெட்டி பெட்டியாக மலையிறங்கத் தொடங்கியது. அந்த மரப்பெட்டிகளின் உட்புறத்தில் ஈயத்தகடு போர்த்தப்பட்டிருந்தது. பின்னர் அதன் இடத்தை அலுமினியத் தகடு பிடித்தது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் எஸ்தோனியாவின் லூத்தர் ஆலையில் செய்த ஒட்டுப்பலகையை வெனஸ்டா என்ற இலண்டன் நிறுவனம் தேயிலைப் பெட்டிகளுக்காக விற்றது. மரத்தின் மெல்லிய தகடுகளைக் குறுக்கும் நெடுக்குமாகப் பசையிட்டு ஒட்டிய அந்தப் பலகையில், தாவர நாரைப் பசைப்பொருளால் வலுப்படுத்தும் முறை முன்கூட்டியே வந்துவிட்டது என்று சொல்லலாம். பசையின் வாடை தேயிலையில் ஏறிவிடுமோ என்ற கவலையும் அப்போதே இருந்தது.

இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் வெளிநாட்டுப் பலகை வருவது தடைப்பட்டபோது, காலிக்கு அருகே கிந்தோட்டையில் அரசாங்கம் ஓர் ஒட்டுப்பலகை ஆலையை அமைத்தது. பலகைக்கு மரம் தென்மேற்கு ஈரவலயக் காடுகளிலிருந்து வந்தது. 1970களில் ஒட்டுப்பலகைத் தொழிலுக்காகச் சிங்கராஜ வனத்திலும் மரம் வெட்டினார்கள். மக்களின் எதிர்ப்பு வலுத்ததால் அது 1977ஆம் ஆண்டளவில் நின்றது. 1988இல் அந்த வனம் உலக மரபுரிமைச் சொத்தானது. உக்கும் பொருளால் ஆன உறை என்பதாலேயே அது இயற்கைக்கு நன்மை செய்யும் என்று சொல்லிவிட முடியாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று இந்நாட்டில் இல்லை. 1980களிலும் 1990களிலும் மரப்பெட்டி மறைந்து, பல அடுக்குத் தாள் சாக்கு வந்தது. அதன் வெளியடுக்குகள் கிராஃப்ட் தாள்; உள்ளே ஈரத்தை மறிக்க அலுமினியமும் பொலித்தீனும். நாரும் உலோகமும் பிளாஸ்டிக்கும் பிரிக்க முடியாதபடி ஒன்றாக ஒட்டிய இந்த அடுக்கை மீள்சுழற்சி செய்வது கடினம்.

செலோபேன்

தோமஸ் லிப்டன் 1890இல் இலங்கைக்கு வந்து தோட்டங்களை வாங்கியபின், தேயிலையை இறாத்தல், அரை இறாத்தல், கால் இறாத்தல் பொட்டலங்களாக விற்கும் வழக்கம் பரவியது. சிறிய பொட்டலத்துக்கு ஈயத்தகட்டைவிட மலிவான, மெல்லிய உறை தேவைப்பட்டது.

1892இல் இங்கிலாந்தில் கிராஸ், பெவன், பீடில் மூவரும் மரக்கூழைக் கரைத்து விஸ்கோசு என்ற திரவமாக்கும் முறையைக் கண்டார்கள். சுவிற்சர்லாந்தைச் சேர்ந்த ஜாக் பிராண்டன்பெர்கர் அதே திரவத்தைப் படலமாக ஓடவிட்டுச் செலோபேனை உருவாக்கினார். நொறுங்காதிருக்க கிளிசரின் சேர்க்கப்பட்டது. கண்ணுக்கு அழகான படலம். ஆனால் நீராவி அதனூடாகத் தாராளமாகப் புகுந்தது. தேயிலைக்கு அது பயன்படாது. 1927இல் டுபொன்ட் நிறுவனத்தின் வில்லியம் ஹேல் சார்ச் நைட்ரோசெலுலோசும் மெழுகும் கலந்த மிக மெல்லிய பூச்சொன்றைப் பூசி அந்தக் குறையை நீக்கினார். தாவர நார்ப் படலத்தைப் பொலிமர் சேர்த்து மேம்படுத்திய முதல் பெரும் வணிக வெற்றி இதுதான். அந்தப் பூச்சின் முதன்மைப் பொருளும் தாவரச் செலுலோசிலிருந்தே பெறப்பட்டது என்பதைக் கவனிக்க வேண்டும். பின்னாளில் பூச்சு குளோரின் கொண்ட செயற்கைப் பொலிமராக மாறியது. அதற்கும் பிறகு, இழுத்து விரித்த பொலிபுரொப்பிலீன் படலம் மலிவாக வந்ததும் செலோபேனே கடைகளிலிருந்து பெரிதும் அகன்றது. இன்று தேயிலைப் பெட்டியைச் சுற்றிப் பளபளக்கும் உறையைப் பலர் செலோபேன் என்று நினைக்கிறார்கள். அது பெரும்பாலும் உக்காத பொலிபுரொப்பிலீன்.

தேநீர்ப் பையின் தாள்

இந்த வரலாற்றின் மிக வளமான பகுதி இது. 1903இல் அமெரிக்காவின் மில்வோக்கி நகரைச் சேர்ந்த ரொபர்ட்டா லோசன், மேரி மெக்லாரன் என்ற இரு பெண்களுக்குத் தேயிலை இலை வைக்கும் துணிப்பைக்கான காப்புரிமை கிடைத்தது. துணிப்பை விலை கூடியது. தாளில் செய்தால் இரண்டு தொல்லைகள்: கொதிநீரில் தாள் கிழியும், பசையிட்டு ஒட்டினால் பசையின் சுவை தேநீரில் இறங்கும். 1930இல் வில்லியம் ஹெர்மன்சன் வெப்பத்தால் ஒட்டும் நார்த்தாள் பைக்குக் காப்புரிமை பெற்றார். அதே காலத்தில் கனெக்டிகட் மாநிலத்து டெக்ஸ்டர் ஆலையில் ஃபே ஒஸ்போன் பலவகை நார்களைப் பரிசோதித்து அபாக்காவைத் தெரிந்தெடுத்தார்.

அபாக்கா வாழையின் நெருங்கிய உறவு. பிலிப்பைன்சே இன்றும் அதன் முதன்மை விளைநிலம். அதன் மடலிலிருந்து கிடைக்கும் தனி நார்க்கலம் சராசரியாக 6 மில்லிமீற்றர் நீளம். ஊசியிலை மரத்தின் நார் 3 மில்லிமீற்றர் அளவே இருக்கும். நீண்ட நார் என்பதால் தாளை மிக மெல்லியதாகவும் நுண்துளைகள் நிறைந்ததாகவும் ஆக்க முடிகிறது. நீர் உட்புகும், தூள் வெளியேறாது. ஒரு சதுர மீற்றர் தேநீர்ப் பைத்தாள் 12 முதல் 17 கிராம் எடைதான். சாதாரண எழுதும் தாள் 70, 80 கிராம்.

நீண்ட நார் மட்டும் போதாது. உலர்ந்த தாளில் நார்களைப் பிணைத்திருப்பது அவற்றின் ஐதரொட்சில் கூட்டங்களுக்கிடையே உள்ள ஐதரசன் பிணைப்பு. நீர் உள்ளே வந்தால் அந்தப் பிணைப்புகளில் நீர் மூலக்கூறு புகுந்துகொள்கிறது. தாள் தன் வலிமையில் பத்தில் ஒரு பங்கைக்கூடக் காப்பாற்ற முடியாது. இதற்காக யூரியா–ஃபோமல்டிஹைட்டு, மெலமைன்–ஃபோமல்டிஹைட்டு பிசின்கள் முதலில் வந்தன. ஹெர்குலிஸ் நிறுவனத்தின் ஜெரால்ட் கைம் 1960இல் காப்புரிமை பெற்ற பொலியமைடு–எபிகுளோரோஹைட்ரின் பிசின் அவற்றைப் பின்தள்ளியது. இது நார்களுக்கிடையே நீர் உடைக்க முடியாத பிணைப்புகளை உண்டாக்குகிறது. சேர்ப்பது சிறிதளவே, ஆனால் அது இல்லாமல் கோப்பையில் பை கரைந்துவிடும்.

ஒட்டுவதற்கு வேறு பொலிமர். தாளின் ஒரு பக்கத்தில் வெப்பத்தில் உருகும் இழைகளைக் கலந்தார்கள். முதலில் வைனைல் இழை, பின்னர் பொலிபுரொப்பிலீன். சூடான உருளை அழுத்தியதும் இரு தாள்களும் ஒன்றாகின்றன. 1953இல் டெட்லி நிறுவனம் பிரித்தானியாவில் தேநீர்ப் பையை அறிமுகப்படுத்தியபின் அந்நாட்டில் தூள் தேயிலைக் குடிப்பு படிப்படியாகச் சுருங்கியது. ஜெர்மனியில் அடோல்ஃப் ராம்போல்ட் 1949இல் வடிவமைத்த கொன்ஸ்டான்டா இயந்திரம் மாற்றுவழியைக் காட்டியிருந்தது. தாளை மடித்து, கம்பியூசியால் இறுக்கி, உருகும் இழையே இல்லாமல் பை செய்தது அது. பொலிமரைக் குறைப்பதற்கு எப்போதும் புதிய பொலிமர் தேவையில்லை, நல்ல மடிப்பும் போதும் என்பதை இந்த இயந்திரம் காட்டியது. அதற்குரிய புகழ் அதற்குக் கிடைக்கவில்லை.

இலங்கையில் மெரில் ஜே. பெர்னாண்டோ 1980களில் தொடங்கிய டில்மா, விளைந்த நாட்டிலேயே பையிலிட்டு உலகுக்கு அனுப்பும் வழியைப் பெரிதாக்கியது. எனினும் தாள் இங்கே செய்யப்படுவதில்லை. பிலிப்பைன்ஸ் நார் ஐரோப்பிய ஆலைகளில் தாளாகி, சுருளாகக் கொழும்புக்கு வருகிறது. டிக்கோயாவிலும் தலவாக்கலையிலும் விளைந்த தூள் அங்குதான் அதனுள் புகுகிறது.

பொலிபுரொப்பிலீன் கலந்த பையைத் தோட்ட மண்ணில் புதைத்தால் நார் போய்விடும். மெல்லிய பிளாஸ்டிக் வலை எஞ்சும். 1990களில் வந்த கூம்புவடிவப் பைகளில் பலவற்றில் தாவர நாரே இல்லை, நைலோனும் பொலியெஸ்டரும்தான். 2019இல் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் நத்தலி துஃபெங்கி குழுவினர் அத்தகைய பை 95 பாகை செல்சியசு நீரில் ஒரு கோப்பைக்குச் சுமார் 1,160 கோடி நுண்துகள்களை விடுவதாக அறிவித்தார்கள். அந்த எண்ணிக்கையைப் பின்னர் வேறு ஆய்வாளர்கள் கேள்விக்கு உட்படுத்தினார்கள். ஆய்வுக்கு உட்பட்டவை பிளாஸ்டிக் பைகள், தாள் பைகள் அல்ல என்பதையும் செய்தித்தாள்கள் தெளிவாகச் சொல்லவில்லை.

நாற்றுமேடையில் பொலித்தீன்

1925இல் நிறுவப்பட்ட தேயிலை ஆராய்ச்சி நிலையம் தலவாக்கலை சென்கூம்ஸ் தோட்டத்திலிருந்து தேர்ந்த தண்டுத் துண்டுகளை நடும் முறையைப் பரப்பியது. அந்தத் துண்டுகள் வேர்பிடிக்கப் பொலித்தீன் உறை வந்தது. ஒரு ஹெக்டேயரில் சுமார் 12,500 கன்றுகள் நடப்படும்; மீள்நடுகை செய்யும் ஒவ்வொரு ஹெக்டேயரும் அத்தனை உறைகளைக் கழிவாக்கும். உறையைக் கவனமாக அகற்றாவிட்டால் அது வேரோடு மண்ணில் தங்கும். கொழுந்து பறிக்கும் பெண்கள் இடுப்பில் கட்டும் படங்கும் சாக்கிலிருந்து பிளாஸ்டிக்குக்கு மாறிவிட்டது. பேச்சு எல்லாம் தேநீர்ப் பையைப் பற்றியே நடக்கிறது. தோட்டத்து மண்ணுக்கு நாற்றுறைதான் பெரிய சுமை.

இந்த இடத்தில்தான் படலத்தை மேம்படுத்தும் வேலை மிகக் கடினமாகிறது. நாற்றுமேடையில் நாளும் நீர் தெளிக்கப்படும். பல மாதங்கள் உறை உடையாமல் நிற்க வேண்டும். நட்டபின் விரைவில் உக்க வேண்டும். மாச்சத்தோ செலுலோசோ தனியாக இருந்தால் சில வாரங்களில் கிழியும். பொலிவைனைல் அற்ககோல் சேர்த்தால் வளைந்துகொடுக்கும், ஆனால் நீரில் இளகும். கைட்டோசான் பூஞ்சணத்தைத் தடுக்கும். சிற்றிக் அமிலம் நார்களைக் குறுக்கே பிணைத்து நீர் உறிஞ்சுவதைக் குறைக்கும். நீரை வெறுக்கும் பொலிலக்டிக் அமிலத்தோடு நீரை விரும்பும் நாரைக் கலந்தால் இரண்டும் ஒட்டாமல் நிற்கும். மலெயிக் அன்ஐதரைட்டு போன்ற இணைப்புப் பொருள் இடையே வேண்டும். பல நாடுகளின் ஆய்வுக்கூடங்கள் தேயிலைக் கழிவையே நாருக்கு மூலமாக்கிப் பார்த்திருக்கின்றன. இஸ்டோரில் தூளிலிருந்து பிரித்தெடுக்கும் காம்பிலும் நாரிலும் செலுலோசு உண்டு. அதிலிருந்து பெறும் நுண்பளிங்குகள் படலத்தை வலுப்படுத்தும். உடன்வரும் பொலிபீனோல்கள் புறஊதாக் கதிரைத் தடுக்கும். மலையகத்தில் இதை முயல மூலப்பொருளுக்குக் குறைவில்லை.

எந்த மண்ணில் உக்கும்?

பொலிலக்டிக் அமிலத்தை 1930களிலேயே வோலஸ் கரதர்ஸ் ஆராய்ந்தார்; அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில் சோளத்திலிருந்து அதை ஆண்டுக்கு 1,40,000 தொன் செய்யும் ஆலை 2002இல் இயங்கத் தொடங்கியது. 2018 முதல் பிரித்தானியத் தேயிலைப் பெயர்கள் சில, பொலிபுரொப்பிலீனுக்குப் பதில் இதற்கு மாறின. பொதியில் உக்கும் என்று அச்சிட்டார்கள். ஐரோப்பாவின் ஈ.என். 13432 நியமத்தின்படி அச்சொல் தொழில்முறைக் கூட்டெரு ஆலையைக் குறிக்கும்; அங்கு வெப்பம் 58 பாகை செல்சியசு. ஏறத்தாழ அந்த வெப்பநிலையில்தான் பொலிலக்டிக் அமிலத்தின் மூலக்கூறுச் சங்கிலி தளர்ந்து, நீர் அதை வெட்டத் தொடங்கும். நுவரெலியாவின் ஆண்டுச் சராசரி வெப்பநிலை சுமார் 16 பாகை. அந்த மண்ணில் இத்தகைய பை ஆண்டுக்கணக்கில் கிடக்கும். பொலிபுரொப்பிலீனைவிட மேல் என்பதை மறுக்க முடியாது. ஆனாலும் அதை உக்கும் பை என்று லயன் எனப்படும் தோட்டத்து வரிசை வீடுகளில் வாழும் குடும்பங்களிடம் சொல்வது நேர்மையல்ல.

2017 ஏப்ரல் 14ஆம் திகதி கொழும்பை அடுத்த மீதொட்டமுல்லக் குப்பைமேடு சரிந்து 30க்கும் மேற்பட்டோர் இறந்தபின், அவ்வாண்டு செப்டெம்பர் 1 முதல் இலங்கை உணவு பொதியும் லஞ்ச்சீற், 20 மைக்ரோனுக்கு உட்பட்ட பொலித்தீன் முதலியவற்றைத் தடைசெய்தது. 2021இலும் 2023இலும் தடை விரிந்தது. சட்டம் கொழும்பின் குப்பையை நினைத்து எழுதப்பட்டது. தோட்டக் குடியிருப்புகளிலோ 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைகள் சட்டம் சபை நிதியைச் செலவிடுவதற்கே நீண்டகாலம் தடையாக இருந்தது. 2018இல்தான் அது திருத்தப்பட்டது. குப்பை வண்டி வராத லயனில் உறைகள் எரிக்கப்படுகின்றன, அல்லது ஓடையில் சேர்கின்றன.

ஆகவே உக்கும் உறை என்று விற்கப்படும் எதற்கும், எந்த வெப்பநிலையில், எத்தனை மாதத்தில், எந்த மண்ணில் உக்கும் என்பதை மூன்று மொழிகளிலும் பொதியிலேயே அச்சிட வேண்டும் என்று இலங்கை விதிக்க வேண்டும். தேயிலைக்கான உறைகளை 58 பாகை கூட்டெருவில் மட்டுமன்றி, தலவாக்கலை மண்ணிலும் புதைத்துப் பார்த்துச் சான்று வழங்க வேண்டும்.