மார்க் கிரேடாகி, மறுபடி சதவீதமான கதை

விண்ணப்பப் படிவத்தோடு உட்கார்ந்திருக்கும் பிள்ளை உங்கள் வீட்டில் இருந்தால் இந்தக் கேள்வி வந்திருக்கும்: "சிஜிபிஏ-வைச் சதவீதமாக்க எதால் பெருக்க வேண்டும்?" இணையத்தில் தேடி, கிடைத்த எண்ணால் பெருக்கிவிட வேண்டாம். அதன் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது.

நம் தலைமுறைக்கு இந்தச் சிக்கல் இல்லை. 35 எடுத்தால் பாஸ், 60 எடுத்தால் முதல் வகுப்பு. 1978-ல் பி.யூ.சி. போய் பிளஸ் டூ வந்தது. அதிலும் 1200-க்கு எத்தனை என்பதுதான் பேச்சு. தேர்ச்சி விகிதத்தில் நம் விருதுநகர் மாவட்டம் பல ஆண்டுகள் மாநிலத்தில் முதலிடம் வகித்தது. ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் ஒரு மார்க் குறைந்தாலும் தெருவுக்கே தெரியும்.

எழுத்தில் தரம் போடுவது வெளிநாட்டுச் சரக்கு. அமெரிக்காவின் மவுண்ட் ஹோலியோக் கல்லூரி 1897-லேயே 95-க்கு மேல் 'ஏ' என்று வைத்தது. நம் பக்கம் அது மெதுவாகத்தான் வந்தது. 2012-13-ல் தமிழக அரசு எட்டாம் வகுப்பு வரை முப்பருவ முறையைக் கொண்டுவந்தது. வளரறி மதிப்பீட்டுக்கு 40, தொகுத்தறி மதிப்பீட்டுக்கு 60, கடைசியில் கிரேடு. பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு மட்டும் மார்க்கிலேயே நின்றது.

சி.பி.எஸ்.இ. துணிந்து பத்தாம் வகுப்பையே மாற்றியது. 2010 முதல் 2017 வரை 91 முதல் 100 வரை ஏ1, புள்ளி 10, 81 முதல் 90 வரை ஏ2, புள்ளி 9, இப்படியே கீழே. சதவீதம் வேண்டுமென்றால் 9.5-ஆல் பெருக்கச் சொன்னார்கள். 91-க்கு மேல் வாங்கியவர்களின் சராசரி சுமார் 95, அதை 10-ஆல் வகுத்தால் 9.5. அவ்வளவுதான் சூத்திரம்.

பேரேடு எழுதிய கையால் இதைச் சரிபார்த்தேன். ஐந்து பாடத்திலும் 91 எடுத்தவருக்கு 95 சதவீதம். ஐந்திலும் 100 எடுத்தவருக்கும் அதே 95! ஐந்திலும் 90 எடுத்தவருக்கு 85.5. ஒரு மார்க் வித்தியாசம் ஒன்பதரையாகிவிட்டது. வங்கியில் இப்படி 'ரவுண்ட்' செய்தால் அன்றைக்கே மெமோ வந்திருக்கும். 2018-ல் சி.பி.எஸ்.இ. மார்க்குக்கே திரும்பியது. ஆனால் இடையில் படித்தவர்கள்தான் இப்போது வேலை தேடுகிற வயதில் இருக்கிறார்கள்.

கல்லூரிக் கணக்கு வேறு. பல்கலைக்கழக மானியக் குழு 2015-ல் ஓ, ஏ பிளஸ், ஏ என்று பத்துப் புள்ளி அளவுகோல் கொடுத்தது. மாற்றும் சூத்திரத்தை அந்தந்தப் பல்கலைக்கழகமே வைத்துக்கொண்டது. நம் சாலையிலேயே பாருங்கள். ராஜூக்கள் கல்லூரி மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தது, ராம்கோ பொறியியல் கல்லூரி அண்ணா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தது, கிருஷ்ணன்கோவில் கலசலிங்கம் தனி நிகர்நிலைப் பல்கலைக்கழகம். ஒரே பஸ்ஸில் போகிற மூன்று பிள்ளைகளுக்கு மூன்று விதிமுறைகள்.

இது வெறும் கணக்கு விளையாட்டு இல்லை. சிஜிபிஏ 6.6 என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்தால் பெருக்கினால் 66. 9.5-ஆல் பெருக்கினால் 62.7. கர்நாடகத்தின் விஸ்வேஸ்வரய்யா தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் வைத்திருந்த முறைப்படி 0.75 கழித்துப் பத்தால் பெருக்கினால் 58.5. விளம்பரத்தில் "குறைந்தது 60 சதவீதம்" என்றிருந்தால் அந்தப் பிள்ளை உள்ளேயா, வெளியேயா?

ஆகவே மதிப்பெண் பட்டியலின் பின்பக்கத்தைப் படியுங்கள். பல பல்கலைக்கழகங்கள் மாற்றும் முறையை அங்கேயே அச்சிடுகின்றன. இல்லாவிட்டால் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலரிடம் சான்றிதழ் கேட்டு வாங்குங்கள். சான்றிதழ் சரிபார்ப்பு நாளில், படிவத்தில் போட்ட எண்ணுக்கு ஆதாரமாக அந்தத் தாளைத்தான் கேட்பார்கள்.