விடிய விடிய ஓடிய ரெண்டர்

பொத்தேரி ரயிலடியைச் சுற்றியுள்ள வாடகை அறைகளில் ராத்திரி இரண்டு மணிக்கு விளக்கு எரிந்தால், பரீட்சைக்குப் படிக்கிறார்கள் என்று மட்டும் நினைத்துவிட வேண்டாம். எஸ்ஆர்எம் பல்கலைக்கழகத்தில் கட்டடக்கலை படிக்கும் யாராவது மறுநாள் ஜூரி மதிப்பீட்டுக்காக, தான் வடிவமைத்த கட்டடத்தைக் கம்ப்யூட்டர் நிஜம்போல் வரைந்து தரும் 'ரெண்டர்' போட்டுவிட்டு உட்கார்ந்திருக்கலாம். பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்கு முன்பு அந்தக் காத்திருப்புக்குக் கண்ணால் பார்க்கும்படி ஓர் உருவமே இருந்தது. கறுத்த சட்டகத்துக்குள் சின்னச் சின்னச் சதுரங்கள் நகரும். 'பக்கெட்' என்று பெயர். பிராசசரில் எத்தனை த்ரெட்டோ அத்தனை சதுரம். ஒவ்வொன்றும் தன் துண்டை வரைந்து முடித்துவிட்டு அடுத்த இடத்துக்குத் தாவும். வெறும் சுவர் என்றால் சரசரவென்று ஓடும். கண்ணாடி டம்ளர் வைத்த டைனிங் டேபிளுக்கு வந்ததும், சர்க்கரையைக் கண்ட எறும்பு மாதிரி அங்கேயே மொய்த்து நிற்கும்.

வீட்டின் வெளித்தோற்றத்தை வரைவது கம்ப்யூட்டருக்கு அவ்வளவு பெரிய பாடு இல்லை; வானம் முழுக்க வெளிச்சம். உள்ளே வந்தால்தான் தொல்லை. ஒரு ஜன்னல், நாலு சுவர். கம்ப்யூட்டரின் கணக்கில் கேமராவிலிருந்து கிளம்பும் கதிர் சுவரில் மோதி, தரைக்குப் போய், சோபாவில் பட்டு, எங்கெங்கோ அலைந்து ஜன்னலைத் தேட வேண்டும். பெரும்பாலானவை கண்டுபிடிப்பதே இல்லை. கிடைத்த இடம் வெளுப்பு, கிடைக்காத இடம் கறுப்பு. சேர்த்துப் பார்த்தால் படத்தின் மேல் மணலைத் தூவியது போலிருக்கும். இந்தப் புள்ளிகளைப் பாதியாகக் குறைக்க நாலு மடங்கு கதிர் வேண்டும். கால்வாசியாக்க 16 மடங்கு. போதாததற்கு நம்மூர் ரசனை வேறு. ஃபால்ஸ் சீலிங் விளிம்பில் ஒளித்துவைத்த எல்இடி பட்டை, முகம் தெரியும் விட்ரிஃபைட் தரை, மணிகள் கட்டிய பூஜை அறைக் கதவு. ஒளிந்திருக்கும் விளக்கின் வெளிச்சம் பட்டுத் திரும்பி மட்டுமே அறைக்குள் வரும். கதிரை அலைக்கழிக்க இதைவிட நல்ல ஏற்பாடு கிடையாது.

கையால் வரைந்த காலத்தில் இந்த அவதி இல்லை. கட்டாத கட்டடத்தைத் தாளில் காட்டிச் சம்மதம் வாங்குவது சென்னைக்குப் பழைய வழக்கம். 1864இல் மாநிலக் கல்லூரிக்கும் செனட் ஹவுசுக்கும் வைத்த போட்டியில் கட்டடக்கலைஞர் ராபர்ட் சிஷம் வென்றது தாளில் போட்ட வடிவத்தைக் கொண்டுதான். கம்ப்யூட்டர் வரும்வரை அலுவலகங்களில் டிராயிங் போர்டு, டி-ஸ்கொயர், டிரேசிங் ஷீட், ரோட்ரிங் பேனா. மை தப்பி ஓடிவிட்டால் பாதி பிளேடால் பதமாகச் சுரண்டி, அந்த இடத்தை நகத்தால் தேய்த்து வழவழப்பாக்கி, மறுபடி கோடு இழுப்பார்கள். அழுத்திச் சுரண்டினால் தாள் கிழியும், இரண்டு நாள் உழைப்பும் அதோடு போகும். பிரதி எடுக்க அமோனியா பிரின்ட். அந்த அறைக்குள் நுழைந்தாலே கண் எரியும். ஆனால் வாட்டர் கலரில் ஹாலை வரைகிறவர் ஜன்னலோரத்தில் தாளை வெறுமையாக விட்டால் போதும், அங்கே வெயில் வந்துவிடும். வெயிலுக்கு ஆன செலவு சுழியம்.

கம்ப்யூட்டருக்கு அப்படி 'விட்டுவிட'த் தெரியாது. கணக்குப் போட்டே ஆக வேண்டும். 1980இல் ஆய்வாளர் டர்னர் விட்டட், கண்ணாடி உருண்டைகள் சதுரக்கட்டத் தரைமேல் மிதக்கும் படத்தை வெளியிட்டார். அன்றைய வாக்ஸ் கம்ப்யூட்டரில் அந்த ஒரு படத்துக்கு 74 நிமிடம் ஆனது. ஆனால் அவருடைய கதிர்கள் பளபளப்பை மட்டுமே பின்தொடர்ந்தன. சுண்ணாம்புச் சுவர் வெளிச்சத்தை வாங்கி அறைக்குள் பரப்புவதை அவை அறியவில்லை. 1984இல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தார் ஒரு பெட்டியை மாதிரி அறையாக வைத்து அதைக் கணக்கிட்டார்கள். சிவப்புப் பட்டு உடுத்தியவர் வெள்ளைச் சுவரோரம் நின்றால் சுவரில் ஒரு சாயல் படியுமே, அது அந்தப் பெட்டிக்குள் தெரிந்தது. இரண்டு வருஷம் கழித்து ஜேம்ஸ் கஜியா இவை எல்லாவற்றையும் ஒரே சமன்பாட்டுக்குள் அடக்கினார். சமன்பாடு சரி, அதைப் போட்டு முடிக்கிற கம்ப்யூட்டர்தான் எந்த அலுவலகத்திலும் இல்லை.

அதனால் தொழிலில் இருந்தவர்கள் வெளிச்சத்தைப் பொய்யாகச் செய்தார்கள். டாஸில் ஓடிய 3டி ஸ்டுடியோ மென்பொருள் 1990இல் வந்தது; 3டி ஸ்டுடியோ மேக்ஸ் 1996இல். சுவரில் பட்டுத் திரும்பும் வெளிச்சம் அவற்றில் தானாக வராது. சோபாவுக்குப் பின்னால் ஒன்று, கட்டிலுக்கு அடியில் ஒன்று, மூலைக்கு ஒன்று என்று மங்கலான ஆம்னி விளக்குகளை ஆள்தான் கண்ணுக்குத் தெரியாமல் செருக வேண்டும். மேடை நாடகத்துக்கு லைட் போடுகிறவரின் வேலை அது. நன்றாகச் செய்தவர்கள் நிஜமாகவே கலைஞர்கள். அந்தத் திறமைக்கு இன்று வேலை இல்லாமல் போனது ஓர் இழப்புதான்.

பல்கேரியத் தலைநகர் சோஃபியாவில் பீட்டர் மிதேவும் விளாதிமிர் கொய்லஸோவும் 1997இல் தொடங்கிய கேயாஸ் நிறுவனம், 2002இல் வி-ரே என்ற ரெண்டர் மென்பொருளை வெளியிட்டதும் நிலைமை மாறியது. அதன் 'இர்ரேடியன்ஸ் மேப்' என்ற உத்தி, கிரெக் வார்டும் கூட்டாளிகளும் 1988இல் சொன்ன ஒரு யோசனையின் வழித்தோன்றல். வாசலில் புள்ளிக் கோலம் போடுகிறவருக்கு இதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை. தரை முழுக்க மாவைக் கொட்டுவதில்லை. முதலில் புள்ளி, பிறகு புள்ளிகளுக்கு நடுவே இழை. வி-ரேயும் சுவரில் ஆங்காங்கே மட்டும் வெளிச்சத்தைக் கணக்கிட்டு, இடைவெளியை ஊகித்து நிரப்பியது. மூலை முடுக்கில் புள்ளி நெருக்கம், வெட்டவெளிச் சுவரில் விலகல். ஒரு நாள் வேலை ஒரு ராத்திரிக்குள் அடங்கியது. புள்ளியில் கஞ்சத்தனம் காட்டினால் சுவர் திட்டுத் திட்டாக, ஓதம் ஏறியது போல் இருக்கும். கிளையன்ட் கண்ணில் முதலில் படுவதும் அதுதான்.

ஒரு ராத்திரி என்பதிலும் ஒரு சிக்கல் வந்து சேர்ந்தது. 2012 மின்வெட்டுக் காலத்தில் சென்னை நகருக்குள்ளேயே தினம் இரண்டு மணி நேரம். வெளியே போகப் போக இன்னும் அதிகம். யூபிஎஸ் சில நிமிடம் தாங்கும், பிறகு பீப் பீப் என்று கத்திவிட்டு அடங்கிவிடும். எழுபது சதவீதத்தில் நின்ற படம் அவ்வளவுதான். ஆகவே படத்தைக் கீற்றுக் கீற்றாக ரெண்டர் போட்டு, ஒவ்வொன்றையும் சேமித்து, கடைசியில் போட்டோஷாப்பில் ஒட்டும் பழக்கம் வந்தது.

செக் நாட்டு மாணவர் ஒருவரின் படிப்பு வேலையாக 2009இல் முளைத்தது கொரோனா ரெண்டரர். அதன் கவர்ச்சி வேகம்கூட அல்ல, திருகவேண்டிய குமிழ்கள் குறைவு என்பதே. படம் முழுக்க ஒரே நேரத்தில் மங்கலாகத் தெரிந்து மெல்லத் தெளியும். போதும் என்று தோன்றினால் நிறுத்தலாம். 2017இல் அதைக் கேயாஸே வாங்கிக்கொண்டது. கதிர்த் தேடலுக்கென்றே தனிப் பகுதி வைத்த ஆர்டிஎக்ஸ் கிராஃபிக்ஸ் கார்டுகளை என்விடியா 2018இல் இறக்கியது. அதைவிடப் பெரிய மாற்றம் டீநாய்சர். ஆயிரக்கணக்கான படங்களில் பழகிய நிரல், மணல் தூவிய படத்தைப் பார்த்துச் சுத்தமான படத்தை ஊகித்துக் கொடுக்கும். ஊகம் சில சமயம் பல்லிளிக்கும். தேக்கு ரேகை மெழுகாகும், பூஜைக் கதவின் செதுக்கல் கரைந்துவிடும். விவரம் தெரிந்தவர்கள் நிறத்தையும் பரப்பின் திசையையும் தனித்தனிப் படங்களாகக் கூடவே கொடுக்கிறார்கள்; அப்போது கோடுகள் தப்பிக்கும்.

தாம்பரத்திலிருந்து செங்கல்பட்டு நோக்கிப் போனால் ஜிஎஸ்டி சாலையோர வீட்டு விளம்பரப் பலகைகளில் இந்தப் படங்களைப் பார்க்கலாம். பத்துக்குப் பன்னிரண்டு படுக்கையறையை அகல லென்ஸில் கல்யாண ஹால் ஆக்கும் வித்தை பழையது. 2016இல் வந்த ரியல் எஸ்டேட் சட்டத்தின் 12ஆம் பிரிவு இதில் கை வைத்தது. விளம்பரத்தை நம்பி முன்பணம் கட்டியவர், அதிலிருந்த தவறான தகவலால் நஷ்டப்பட்டால் கட்டுநர் ஈடு தர வேண்டும். படத்தின் கீழே பொடி எழுத்தில் 'கற்பனைச் சித்திரம்' என்று போடும் வழக்கம் இருந்தாலும், ரெண்டர் இப்போது வெறும் படமல்ல, வாக்குமூலத்துக்கு நெருங்கிய சொந்தம்.

லூமியன், என்ஸ்கேப் போன்ற இன்றைய மென்பொருள்களில் ஓர் அறையின் படம் சில நொடிகளிலிருந்து சில நிமிடங்களுக்குள் வந்துவிடுகிறது. ஆனால் பொத்தேரி அறையில் விளக்கு அணையவில்லை. முன்பு ஒரு ஹாலுக்கு இரண்டு வியூ கொடுத்தால் போதும். இப்போது எட்டு, அதோடு ஒரு வாக்த்ரூ வீடியோ. "சோபா கலரை மட்டும் மாத்திட்டு இன்னொண்ணு அனுப்புங்க தம்பி" என்று ராத்திரி பதினொரு மணிக்கு வாட்ஸ்அப் வரும். "ரெண்டர் ஓடிக்கிட்டு இருக்கு சார், காலையில தர்றேன்" என்று முன்பெல்லாம் சொல்லிவிட்டுத் தூங்கப் போகலாம். இப்போது அப்படிச் சொன்னால், "அஞ்சு நிமிஷ வேலைதானே?" என்கிறார் கிளையன்ட்.