பிளேஸ்டேஷன் 2: காட்சியழகில் உயர்ந்த விளையாட்டுகள்

பிளேஸ்டேஷன் 2 என்பது சோனி கம்ப்யூட்டர் என்டர்டெயின்மென்ட் நிறுவனத்தின் வீட்டு வீடியோ கேம் கருவி. ஜப்பானில் 2000 மார்ச் 4 அன்றும், வட அமெரிக்காவில் அதே ஆண்டு அக்டோபர் 26 அன்றும் விற்பனைக்கு வந்தது. 15 கோடிக்கும் மேல் விற்ற இக்கருவிக்கு ஆயிரக்கணக்கான விளையாட்டுகள் வெளியாயின. அவற்றுள் கிராஃபிக்ஸில் சிறந்தவை எவை என்று பேசும்போது ஷேடோ ஆஃப் த கொலாசஸ், காட் ஆஃப் வார் 2, கிரான் டூரிஸ்மோ 4, மெட்டல் கியர் சாலிட் தொடரின் 2, 3 ஆம் பாகங்கள், ஃபைனல் ஃபேண்டஸி 12, ஓகாமி, சைலன்ட் ஹில் 3 ஆகிய பெயர்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. 2000 ஆம் ஆண்டில் வந்த ஒரு விளையாட்டையும் 2007 இல் வந்த ஒன்றையும் அடுத்தடுத்துப் பார்ப்பவருக்கு இரண்டும் ஒரே பெட்டியில் ஓடுகின்றன என்று நம்புவது கடினமாக இருக்கும். அந்த வேறுபாட்டைப் புரிந்துகொள்ள முதலில் பெட்டிக்குள் என்ன இருந்தது என்று பார்க்க வேண்டும். இக்கருவியின் சிறந்த விளையாட்டுகள் அனைத்தும் அதன் விசித்திரமான கட்டமைப்பை அறிந்து, அதற்கேற்ப வரையப்பட்டவை.

கட்டமைப்பு

மையச் செயலியின் பெயர் இமோஷன் எஞ்சின். சோனியும் தோஷிபாவும் சேர்ந்து உருவாக்கிய இதன் வேகம் தொடக்கத்தில் ஏறத்தாழ 295 மெகாஹெர்ட்ஸ். பொதுவான கணக்குகளைச் செய்யும் பகுதியோடு இரண்டு வெக்டர் அலகுகளும் இதற்குள் இருந்தன. முப்பரிமாண உருவங்களின் புள்ளிகளை நகர்த்துவது, திருப்புவது, அவற்றின் மீது விழும் ஒளியைக் கணக்கிடுவது ஆகியவை இவற்றின் வேலை. கணக்கு முடிந்த உருவத்தைப் பிக்சல் பிக்சலாக வரைவதற்கு கிராஃபிக்ஸ் சிந்தசைசர் என்ற தனிச் சில்லு, 147 மெகாஹெர்ட்ஸுக்குச் சற்று மேற்பட்ட வேகத்தில் இயங்கியது. முதன்மை நினைவகம் 32 மெகாபைட். வரையும் சில்லுக்குள்ளேயே பதிக்கப்பட்ட நினைவகம் 4 மெகாபைட் மட்டுமே.

சிக்கலும் சிறப்பும் இந்த 4 மெகாபைட்டில்தான். 640க்கு 448 பிக்சல் கொண்ட ஒரு படத்தை முழு நிறத்தில் வைக்க ஏறத்தாழ 1.1 மெகாபைட் வேண்டும். திரையில் தெரியும் படம் ஒன்று, வரையப்பட்டுக்கொண்டிருக்கும் படம் ஒன்று, எது முன்னே எது பின்னே என்று குறித்துவைக்கும் ஆழக் கணக்கு ஒன்று என மூன்றையும் வைத்துவிட்டால், பொருள்களின் மேற்பரப்புப் படங்களான டெக்ஸ்சர்களுக்கு முக்கால் மெகாபைட் கூட மிஞ்சாது. தொடக்க கால விளையாட்டுகள் பல இதற்கு அஞ்சிப் படத்தின் உயரத்தைப் பாதியாக, 224 வரியாகக் குறைத்துக்கொண்டன. கருவியோடு முதல் நாளே வந்த ரிட்ஜ் ரேசர் 5 இல் கார்களின் விளிம்புகளும் சாலையோரக் கம்பிகளும் ஓயாமல் மினுங்கி நெளிவது இதனால்தான். பிளேஸ்டேஷன் 2 என்றாலே ரம்பப் பல் விளிம்பு என்ற பெயர் அப்போது ஒட்டிக்கொண்டது.

நினைவகம் சிறியதானாலும் அதன் வேகம் அக்காலத்தில் வேறெந்த வீட்டுக் கருவியிலும் இல்லாதது: நொடிக்கு 48 கிகாபைட். முதன்மை நினைவகத்திலிருந்து வரையும் சில்லுக்குத் தரவு செல்லும் பாதையின் வேகம் நொடிக்கு 1.2 கிகாபைட். நொடிக்கு 60 படம் என்று கணக்கிட்டால் ஒவ்வொரு படத்துக்கும் அதிக அளவாக 20 மெகாபைட் கொண்டுவரலாம். ஆகவே அந்த 4 மெகாபைட்டைச் சேமிப்பறையாக நினைத்தவர்கள் திணறினார்கள். சமையல் மேடையாக நினைத்து, வேண்டிய டெக்ஸ்சரை வேண்டிய கணத்தில் எடுத்துவந்து, வரைந்து முடித்ததும் நீக்கிவிட்டு அடுத்ததைக் கொண்டுவந்தவர்கள் வென்றார்கள். இந்த வேலைமுறை தொழிலில் பரவ ஓரிரு ஆண்டுகள் ஆயின.

இன்னொரு குறையையும் சொல்ல வேண்டும். 2001 நவம்பரில் வந்த மைக்ரோசாஃப்ட்டின் எக்ஸ்பாக்ஸில் 64 மெகாபைட் நினைவகமும், ஒவ்வொரு பிக்சலின் நிறத்தையும் சிறு நிரல்களால் தீர்மானிக்கும் பிக்சல் ஷேடர் வசதியும் இருந்தன. பிளேஸ்டேஷன் 2 இல் அந்த வசதி கிடையாது. ஒரு பரப்பின் மேல் ஒரே சமயத்தில் ஒரு டெக்ஸ்சரைத்தான் பூச முடியும்; இரண்டாவது வேண்டுமானால் அதே பரப்பை மறுபடி வரைய வேண்டும். ஆனால் மறுபடி வரைவது இக்கருவிக்கு மிக எளிது. ஒன்றன்மேல் ஒன்றாக ஒளி ஊடுருவும் அடுக்குகளைப் பூசுவதில் அதற்கு நிகரில்லை. புகை, மழை, தீப்பொறி, ஒளிக்கசிவு, அசைவு மங்கல் என்று காற்றில் மிதப்பவற்றை அது அள்ளி வீசும். கல்லின் சொரசொரப்பு, உலோகத்தின் மேடுபள்ளம் போன்ற கூர்மையான மேற்பரப்பு நுணுக்கத்தில் அது பின்தங்கியது. வெளியீட்டின்போது சோனி பரப்பிய நொடிக்கு 7.5 கோடி பாலிகன் (முப்பரிமாண உருவங்களைக் கட்டும் சிறு பல்கோணப் பரப்பு) என்ற எண், ஒளியும் டெக்ஸ்சரும் இல்லாத வெறும் உச்சவரம்பு. விளையாட்டின் அழகை அளக்க அது உதவாது.

2001: முதல் பாய்ச்சல்

ஹிடேயோ கோஜிமாவின் மெட்டல் கியர் சாலிட் 2, 2000 மே மாதக் கண்காட்சியில் முன்னோட்டமாகக் காட்டப்பட்டபோதே இக்கருவியின் மீதான எதிர்பார்ப்பு மாறியது. 2001 நவம்பரில் விளையாட்டாக வந்தபோதும் முன்னோட்டம் காட்டிய தரம் குறையவில்லை. ஹட்சன் ஆற்றில் கொட்டும் மழையில் செல்லும் கப்பல்தான் அதன் முதல் பகுதி. மழைத்துளிகள் தளத்தில் பட்டுத் தெறிக்கின்றன. சரக்கறையில் புட்டிகள் சுடப்பட்ட இடத்திலிருந்து உடைகின்றன. தரையில் விழுந்த பனிக்கட்டிகள் கரைகின்றன. இவ்வளவும் நொடிக்கு 60 படம் என்ற வேகத்தில். அதன் டெக்ஸ்சர்களை உற்றுப் பார்த்தால் பெரும்பாலும் சாம்பலும் பச்சையும் கலந்த மங்கிய நிறங்கள்தான். குறைந்த நிறங்களைக் கொண்டு நினைவகத்தை மிச்சம் பிடித்து, மிஞ்சிய வலுவை அசைவுக்கும் மழைக்கும் செலவிட்ட முடிவு அது. 2004 இல் வந்த மூன்றாம் பாகம் காட்டுக்குள் நுழைந்தது. புல்லும் இலையும் கொடியுமாகத் திரை நிறைந்ததால் வேகத்தை நொடிக்கு 30 படமாகக் குறைக்க வேண்டியிருந்தது. அந்தக் காட்டின் அடர்த்திக்கு அது நியாயமான விலை.

அதே 2001 இல் வந்த கிரான் டூரிஸ்மோ 3, முந்தைய கருவியில் சில நூறு பாலிகன்களாக இருந்த காரைச் சில ஆயிரமாக உயர்த்தியது. மாலைச் சூரியன் தார்ச் சாலையில் பட்டு எதிரொளிக்கும் காட்சி, கடைகளில் வைத்த தொலைக்காட்சிகளில் வாங்குவோரை நிறுத்திப் பார்க்க வைத்தது. நாட்டி டாக் நிறுவனத்தின் ஜாக் அண்டு டாக்ஸ்டர் (2001 டிசம்பர்) வேறு வகைச் சாதனை. அதன் உலகம் இடையில் காத்திருப்புத் திரையே இல்லாமல் விரிந்துகொண்டே போகும். தொலைவில் தெரியும் மலையை நோக்கி நடந்தால் அதை அடையலாம். நிறுவனர்களில் ஒருவரான ஆண்டி கேவின், லிஸ்ப் வழி வந்த கோல் என்ற தனி நிரல் மொழியையே இதற்காக உருவாக்கினார்.

ஈகோவும் ஷேடோ ஆஃப் த கொலாசஸும்

ஃபுமிட்டோ உவேதாவின் ஈகோ, முதல் பிளேஸ்டேஷனுக்காக 1997 இல் தொடங்கப்பட்டுப் பின் இரண்டாவதற்கு மாற்றப்பட்டு 2001 இல் வந்தது. கொம்பு முளைத்த சிறுவன் ஒருவன் ஒரு சிறுமியின் கையைப் பிடித்துக்கொண்டு பாழடைந்த கோட்டையைக் கடக்கிறான். சாளரங்களின் வழியே வரும் ஒளி விளிம்புகளில் வழிந்து பரவுகிறது. பிற்காலத்தில் எல்லா விளையாட்டுகளிலும் இடம்பிடித்த இந்த ஒளிக்கசிவு உத்தியைப் பரவலாக்கியவற்றுள் ஈகோவும் ஒன்று.

அதே குழு 2005 அக்டோபரில் தந்த ஷேடோ ஆஃப் த கொலாசஸைத்தான் இக்கருவியின் உச்சமாகக் கொள்ள வேண்டும். யாருமற்ற பரந்த நிலம், அதில் 16 பேருருவங்கள், ஒரு குதிரை, ஒரு இளைஞன், அவ்வளவே. ஆனால் ஒவ்வொரு பேருருவமும் ஒரே நேரத்தில் உயிரினமாகவும் ஏறிச் செல்லும் மலையாகவும் இருக்க வேண்டும். அது நடக்கும்போதும் உதறும்போதும் அதன் முதுகு வளைகிறது. அந்த வளையும் முதுகின் ரோமத்தைப் பற்றிக்கொண்டு இளைஞன் தொங்குகிறான். நகரும் தரையில் கால் ஊன்றும் இக்கணக்கே செயலிக்குப் பெரும் சுமை. ரோமம் முழுவதும் ஒளி ஊடுருவும் மெல்லிய படலங்களை அடுக்கி வரையப்பட்டது. மறுபடி மறுபடி வரைவது எளிது என்ற கருவியின் பலம் இங்கே முழுமையாகப் பயன்பட்டது.

ஒளியை அவர்கள் கையாண்ட விதம் இன்னும் வியப்பானது. இருண்ட கோயிலிலிருந்து வெளியே வரும்போது முதலில் திரை முழுதும் வெண்மையாகக் கண்கூசும். சில கணங்களில் நிலம் மெல்லத் துலங்கும். அடுத்த தலைமுறைக் கருவிகள் தனி வன்பொருளோடு செய்யவிருந்த இந்த உயர் ஒளிவீச்சுக் காட்சியை, அதற்கான வசதி ஏதும் இல்லாத கருவியில் நிற அடுக்குகளைக் கொண்டே ஏறத்தாழ உருவாக்கினார்கள். தொலைவிலுள்ள நிலம் குறைந்த நுணுக்கத்தில்தான் இருக்கிறது. வெளிச்சப் புகைமூட்டம் அதை மறைப்பதோடு அந்நிலத்துக்கு ஒரு தனிமையையும் தருகிறது.

இதற்கான விலையும் பெரிது. பேருருவம் கால் ஊன்றிப் புழுதி எழும் தருணங்களில் நொடிக்கு 20 படம் கூட இல்லாமல் தடுமாறும். அதனாலேயே இதை முதலிடத்தில் வைக்க மறுப்பவர்கள் உண்டு. அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. கையில் பிடித்து ஆடும் பொருளுக்குச் சீரான வேகமும் அழகின் பகுதிதான். ஆனால் கருவியிடம் கேட்கத் துணிந்ததன் அளவைப் பார்த்தால் வேறெதுவும் இதன் அருகில் வரவில்லை.

சீரான வேகத்தின் வழி

தடுமாற்றமில்லாத உச்சத்தைத் தேடுபவர்களுக்கு காட் ஆஃப் வார் 2. கோரி பார்லாக் இயக்கத்தில் 2007 மார்ச்சில், அதாவது பிளேஸ்டேஷன் 3 வந்து சில மாதங்கள் கழித்து வெளியானது. ரோட்ஸ் நகரின் பெருஞ்சிலை உயிர்பெற்று நகரத்தை நொறுக்கிக்கொண்டு துரத்தும் தொடக்கப் பகுதியை அன்றைய புதிய கருவியின் விளையாட்டுகளோடு தயங்காமல் ஒப்பிடலாம். இதன் பின்னாலுள்ள முடிவு எளிமையானது. கேமராவைத் திருப்பும் உரிமை ஆடுபவருக்கு இல்லை. எந்தக் கணத்தில் எது திரையில் தெரியும் என்பது வடிவமைத்தவருக்கு முன்பே தெரியும். ஆகவே தெரியாத பக்கத்துக்கு ஒரு பாலிகன் கூட வீணாகவில்லை.

கசுனோரி யமாவுச்சியின் கிரான் டூரிஸ்மோ 4 (2004 டிசம்பர்) 700க்கும் மேற்பட்ட கார்களை இரட்டை அடுக்கு டிவிடியில் அடக்கியது. 1080ஐ என்ற உயர் தெளிவுத் தொலைக்காட்சி வடிவிலும் அது படம் தந்தது. உள்ளே வரைந்த படம் அதைவிடச் சிறியது என்றாலும் இக்கருவியில் அது அரிய முயற்சி. பந்தயப் பாதையோரப் பார்வையாளர்கள் அட்டையில் வெட்டிவைத்தவர்கள் போல நிற்பார்கள். காரின் மேல் ஓடும் வானத்தின் பிரதிபலிப்பைப் பார்க்கும் கண் அங்கே போகாது.

கிரைட்டீரியன் நிறுவனத்தின் பர்ன்அவுட் 3 (2004), பிளாக் (2006) ஆகியவை வெடிப்புக்கும் சிதறலுக்கும் பேர்பெற்றவை. கருவியின் அடுக்கு வரைதல் வலுவை நேரடியாகப் பயன்படுத்தியவை.

நிழல், தூரிகை, தீட்டிய முகம்

கோனாமியின் சைலன்ட் ஹில் 2 (2001), 3 (2003) இரண்டும் இருட்டை மூலப்பொருளாக்கின. கைவிளக்கு ஒன்றுதான் வெளிச்சம். அதை அசைத்தால் எல்லா நிழல்களும் சுவரில் நீண்டு ஆடுகின்றன. திரை முழுதும் படத்துகள் போன்ற இரைச்சல் படர்ந்திருக்கும். அது டெக்ஸ்சரின் குறைந்த தெளிவை மறைத்து, பழைய திரைப்படச் சுருளின் தோற்றத்தைத் தருகிறது. மூன்றாம் பாகத்தின் நாயகி ஹெதரின் முகம் அத்தலைமுறையின் மிகச் சிறந்த முகங்களில் ஒன்று.

ஃபைனல் ஃபேண்டஸி 12 (2006) வேறு வழியில் சென்றது. முகத்தின் நிழலும் ஆடையின் மடிப்பும் கருவி கணக்கிட்டவை அல்ல. ஓவியர்கள் டெக்ஸ்சரிலேயே தீட்டியவை. நாணயம் போன்ற அளவில் கிடைத்த இடத்தில் இவ்வளவு நுணுக்கம் வேறெங்கும் இல்லை.

ஓகாமி (2006) இன்றும் பழையதாகத் தெரியாத விளையாட்டு. ஹிடெகி காமியா தலைமையில் கேப்காமின் குளோவர் ஸ்டுடியோ முதலில் இதை உண்மைத் தோற்றத்தில்தான் செய்யத் தொடங்கியது. காட்டையும் இயற்கையையும் அப்படி நிரப்பும் அளவுக்குக் கருவி இடம் தரவில்லை. ஜப்பானிய மைத் தூரிகை ஓவியத்துக்கு மாறினார்கள். தடித்த மைக்கோடும், காகிதத்தின் நார் தெரியும் பின்புலமும், ஓடும் ஓநாயின் காலடியில் மலரும் பூக்களும் அந்தத் தடையிலிருந்து பிறந்தவை.

பிற்காலப் பதிப்புகள்

இவ்விளையாட்டுகள் பல பின்னர் புதிய கருவிகளுக்கு உயர் தெளிவில் மாற்றப்பட்டன. ஷேடோ ஆஃப் த கொலாசஸ் 2011 இல் பிளேஸ்டேஷன் 3 க்கும், முற்றிலும் புதிதாக வரையப்பட்டு 2018 இல் பிளேஸ்டேஷன் 4 க்கும் வந்தது. எல்லா மாற்றங்களும் எளிதாக அமையவில்லை. ஸோன் ஆஃப் த எண்டர்ஸ் 2 (2003), நூற்றுக்கணக்கான ஒளிக்கதிர்களும் கார்ட்டூன் பாணிப் புகையும் திரையை நிரப்பும் இயந்திரப் போர். 2012 இல் பிளேஸ்டேஷன் 3 க்கு வந்த அதன் பதிப்பு, பல மடங்கு வலுவான வன்பொருளிலும் தடுமாறியது. பழைய கருவியின் உள் நினைவக வேகத்தை நம்பி எழுதப்பட்ட வரையும் முறை புதிய கட்டமைப்புக்குப் பொருந்தவில்லை. 2013 இல் ஹெக்ஸாடிரைவ் நிறுவனம் அந்த நிரலைத் திருத்தி எழுதித் தந்த பிறகுதான் பிளேஸ்டேஷன் 3 இல் அது சீராக ஓடியது.