கிளம்பச் சொன்னவர்கள் விரித்த கடைத்தெரு

பதிவு கொஞ்சம் நீளம். பொறுமையாகப் படியுங்கள்.

சென்னை ஜார்ஜ் டவுன் என்றால் நம்மில் பலருக்கு மொத்த விலைக் கடைகள்தான் நினைவுக்கு வரும். கல்யாணப் பத்திரிகைக்கு ஆண்டர்சன் தெரு, துணிக்கு கோடவுன் தெரு, வளையலுக்குத் தேவராஜ முதலி தெரு. பள்ளியில் பல ஆண்டுகள் வரலாறு நடத்திய எனக்கு அந்தத் தெருக்கள் இன்னொரு செய்தியையும் சொல்கின்றன. இருந்த இடத்தை விட்டுக் கிளப்பப்பட்டவர்கள் மறுபடி கடை விரித்த ஊர் அது.

போன சனிக்கிழமை குடும்பத்தோடு ஒரு நாள் முழுக்க அங்கே சுற்றினோம். மகளுக்கு, புதுமனைப் புகுவிழாவுக்குச் சாமான் வாங்க வேண்டும். என் துணைவியாருக்குக் கோயில். ஏழாம் வகுப்புப் படிக்கும் பேரனுக்கு வேடிக்கை. எனக்கு மூன்றும்.

கடற்கரை ரயில் நிலையத்தில் இறங்கி பாரிமுனைக்கு நடந்தோம். தாமஸ் பாரி என்ற வணிகர் 1788இல் சென்னைக்கு வந்தவர். அவருடைய நிறுவனத்தால்தான் அந்த முனைக்கு இந்தப் பெயர். அந்த நிறுவனக் கட்டடத்தை ஒட்டி ஒரு சின்னக் கல்தூண் நிற்கிறது. ஆயிரக்கணக்கானோர் தினமும் அதைக் கடந்து போகிறார்கள். அதில் பொறித்திருக்கும் தேதி 1773 ஜனவரி 1.

"இது எதுக்குத் தாத்தா?" என்றான் பேரன்.

"இதைத் தாண்டி கோட்டைப் பக்கம் யாரும் வீடு கட்டக் கூடாதுன்னு கம்பெனிக்காரன் நட்ட எல்லைக்கல்" என்றேன்.

"ஏன் கட்டக் கூடாது?"

நல்ல கேள்வி. எதிரே உயர் நீதிமன்ற வளாகத்தைக் காட்டினேன். 1640இல் கோட்டை எழும்பத் தொடங்கியபோது அதன் வடக்குச் சுவரை ஒட்டி நம்மவர்கள் குடியேறிய ஊர் அந்த இடத்தில்தான் இருந்தது. நெசவாளர், துபாஷிகள், வணிகர்கள், கூலிக்காரர்கள் வாழ்ந்த ஊர். ஆங்கிலேயர்கள் அதற்கு வைத்த பெயர் 'கறுப்பர் நகரம்'. 1746இல் பிரெஞ்சுக்காரர்கள் சென்னையைப் பிடித்தார்கள். கோட்டையை ஒட்டி வீடுகள் இருந்தால் எதிரி அவற்றில் ஒளிந்து தாக்குவான் என்று அந்த ஊரின் ஒரு பகுதியை இடித்தார்கள். 1749இல் நகரம் ஆங்கிலேயர் கைக்குத் திரும்பியது. அவர்கள் வந்து நிறுத்தினார்களா? இல்லை. மிச்சத்தை அவர்கள் இடித்தார்கள். 1758 டிசம்பரில் லாலி வந்து கோட்டையை முற்றுகையிட்ட பிறகு, பீரங்கிக்கு முன்னால் வெட்டவெளி வேண்டும் என்பதில் அவர்களுக்குச் சந்தேகமே இல்லாமல் போயிற்று. பழைய ஊர் தரைமட்டமானது. அந்த வெட்டவெளியின் எல்லையைக் காட்ட நட்ட ஆறு தூண்களில் மிஞ்சியது இந்த ஒன்றுதான். வெறும் மைதானமாகக் கிடந்த நிலத்தில் 1892இல் உயர் நீதிமன்றம் எழுந்தது.

வீடு இழந்தவர்கள் வடக்கே முத்தியால்பேட்டைக்கும் பெத்தநாயக்கன்பேட்டைக்கும் போனார்கள். அந்தப் பேட்டைகள்தான் புதிய கறுப்பர் நகரம் ஆயின. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், பின்னாளில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரானவரின் பெயரை வைத்து அதை 'ஜார்ஜ் டவுன்' ஆக்கினார்கள். வீடு இழந்தவர்களின் ஊர் ராஜாவின் பெயருக்குள் போய்விட்டது.

அடுத்து ஆர்மேனியன் தெரு. தமிழில் இதற்கு வழங்கும் பெயரைப் பாருங்கள்: அரண்மனைக்காரன் தெரு! இங்கே அரண்மனை ஏதும் கிடையாது. 'ஆர்மேனியன்' நம் வாயில் புகுந்து அரண்மனைக்காரன் ஆகிவிட்டான். மகள் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

ஆர்மேனியர்களும் கிளப்பப்பட்டவர்களே. 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாரசீக மன்னர் ஷா அப்பாஸ் அவர்களை ஜுல்ஃபா நகரத்திலிருந்து பெயர்த்து இஸ்பஹான் அருகே குடியமர்த்தினார். அங்கிருந்து வணிகத்துக்காக உலகம் முழுக்கப் பரவியவர்களில் ஒரு கிளை சென்னைக்கு வந்தது. சைதாப்பேட்டையில் அடையாற்றின் குறுக்கே 1726இல் பாலம் கட்டிக்கொடுத்த பெட்ரஸ் உஸ்கான் அவர்களில் ஒருவர். 1772இல் கட்டிய தேவாலயம் இன்றும் இந்தத் தெருவில் இருக்கிறது. தெரு இரைச்சல் அப்படியே அடங்கிப்போகும் முற்றம். தரையெல்லாம் ஆர்மேனிய எழுத்துப் பொறித்த கல்லறைக் கற்கள். ஹாருத்தியூன் ஷ்மவோனியன் என்ற பாதிரியாரின் கல்லறையும் அங்கே உண்டு. உலகின் முதல் ஆர்மேனிய மொழிப் பத்திரிகையை 1794இல் நடத்தத் தொடங்கியவர் அவர். அது அச்சானது ஆர்மேனியாவில் அல்ல, நம் சென்னையில்! பேரன் அந்தக் கல்லைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றான்.

அங்கிருந்து மண்ணடிப் பக்கம் பவளக்காரத் தெரு. போர்ச்சுகலில் மத விசாரணைக்குப் பயந்து வெளியேறிய யூதக் குடும்பங்களின் வழிவந்தவர்கள், லண்டன் வழியாகவும் இத்தாலியின் லிவோர்னோ வழியாகவும் இங்கே வந்தார்கள். மத்தியதரைக் கடல் பவளத்தைக் கொண்டுவந்து விற்று, கோல்கொண்டா வைரத்தை வாங்கி அனுப்பினார்கள். 1688இல் சென்னை மாநகராட்சி தொடங்கியபோது ஆல்டர்மென் பதவியில் யூதர்களும் இருந்தார்கள். இன்று அந்தத் தெருவில் அவர்கள் யாரும் இல்லை. பெயர்ப்பலகையில் பவளம் மட்டும் இருக்கிறது.

மதியம் பூக்கடைப் பக்கம் வந்தோம். தேவராஜ முதலி தெருவில் மகள் தாம்பூலப் பைகளுக்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தாள். "என்னங்க, கோயிலுக்குப் போயிட்டு வந்துடலாமா?" என்றார் துணைவியார். சென்ன கேசவப் பெருமாள், சென்ன மல்லீஸ்வரர் இரட்டைக் கோயில்கள். மக்கள் சொல்வது பட்டணம் கோயில். இதன் பழைய கோயில் அந்த இடிபட்ட ஊரில்தான் இருந்தது. 1757இல் அதையும் அகற்றினார்கள். மக்கள் மனக்குறையைத் தீர்க்கக் கம்பெனி வேறு இடம் கொடுத்தது, பணமும் கொடுத்தது. மணலி முத்துகிருஷ்ண முதலியார் முன்னின்று கட்டினார். சாமியும் நம்மைப் போலவே சாமான் கட்டிக்கொண்டு வந்தவர்தான் என்று துணைவியாரிடம் சொன்னேன். "அதான் நம்ம கஷ்டம் அவருக்குப் புரியுது" என்றார். இத்தனை வருடம் பாடம் நடத்திய எனக்கு இது தோன்றவில்லை.

கொத்தவால் சாவடி வழியாகத் தங்கசாலைக்குப் போனோம். கொத்தவால் என்றால் அந்நாளைய காவல் அதிகாரி. ஒரு காலத்தில் நகரத்துக்கே காய்கறி இங்கிருந்துதான் போனது. 1996இல் சந்தை கோயம்பேட்டுக்கு மாறியது. நெரிசலைப் பார்த்தால் அந்த முடிவில் நியாயம் தெரியும். ஆனால் மூட்டை தூக்கியும் கைவண்டி இழுத்தும் இதையே நம்பியிருந்தவர்களுக்கு அது எப்படி இருந்திருக்கும்? தங்கசாலையில் சூடாக ஜிலேபி வாங்கித் தந்த பிறகும் பேரன் இதையே கேட்டுக்கொண்டிருந்தான்.

மாலையில் பர்மா பஜார். 1962இல் பர்மாவில் ராணுவ ஆட்சி வந்து, கடைகளெல்லாம் அரசுடைமை ஆனதும், தலைமுறைகளாக அங்கே வாழ்ந்த தமிழர்கள் கப்பலேறித் திரும்பினார்கள். பிழைப்புக்காக 1969இல் அவர்களுக்குக் கடற்கரைச் சாலை ஓரத்தில் கடை போட இடம் கிடைத்தது. பக்கத்துத் தெருக்களில் அத்தோ விற்கிறார்கள். நூடுல்ஸில் வறுத்த வெங்காயமும் புளியும் போட்டுக் கையாலேயே கலக்கித் தருவது. கூடவே வாழைத்தண்டு சூப். எல்லாரும் நின்றுகொண்டே சாப்பிட்டோம். நாடு விட்டு வந்தவர்கள் பெட்டியில் எதைக் கொண்டுவந்தார்களோ தெரியாது, நாக்கில் இதைக் கொண்டுவந்தார்கள்.

நம் பாடப்புத்தகத்தில் கிளைவ் இருக்கிறார், டூப்ளே இருக்கிறார், லாலி இருக்கிறார். யார் ஜெயித்தார், யார் தோற்றார் என்று ஐந்து மதிப்பெண் கேள்வி உண்டு. இரண்டு பக்கமும் சேர்ந்து இடித்த வீடுகளைப் பற்றி ஒரு மதிப்பெண் கேள்விகூடக் கிடையாது. அந்தச் சனங்களுக்கு மிஞ்சிய சாட்சி ஒரு கல்தூண், ஒரு கோயில், சில தெருப்பெயர்கள். இவையும் மறந்துபோனால் அவர்கள் இருந்ததற்கே அடையாளம் இல்லை. அதனால்தான் தெருப்பெயரை மாற்றும்போதோ சுருக்கும்போதோ எனக்கு மனம் பதறுகிறது.

அடுத்த முறை பாரிமுனைக்குச் சாமான் வாங்கப் போனால் பிள்ளைகளையும் கூட்டிப் போங்கள். ஞாயிற்றுக்கிழமை பல கடைகள் மூடியிருக்கும், வேறு நாள் பாருங்கள். அந்தத் தூணை ஒரு நிமிடம் நின்று காட்டுங்கள். உங்கள் ஊர்க் கடைத்தெருவுக்கும் இப்படி ஒரு கதை இருக்கும். தெரிந்தவர்கள் எழுதுங்கள், படிக்கக் காத்திருக்கிறேன்.