பள்ளத்தில் நிற்கும் பேராலயம்



கடந்த பள்ளி விடுமுறையில், வேல்ஸ் நாட்டின் கார்டிஃப் நகரில் பயிலும் என் அண்ணன் மகளைக் காணச் சென்றிருந்தேன். அவள் என்னை அந்நாட்டின் மேற்குக் கோடியிலுள்ள செயிண்ட் டேவிட்ஸ் என்னும் ஊருக்கு அழைத்துச் சென்றாள். அங்கு இரயில் செல்வதில்லை. ஹாவர்ஃபோர்ட்வெஸ்டில் இறங்கிப் பேருந்தில் பயணித்தோம். இரண்டாயிரம் பேர்கூட வாழாத அவ்வூர், 1995ஆம் ஆண்டில் நகரத் தகுதி பெற்றது. அதற்குக் காரணம் அங்குள்ள பேராலயமே.

ஊருக்குள் நுழைந்தும் பேராலயம் கண்ணில் படவில்லை. பழைய வாயிற்கோபுரத்தைக் கடந்த பின்னரே, கீழே பள்ளத்தில் அது தெரிந்தது. அதனை அடைய 39 படிகள் இறங்க வேண்டும்.

"இவ்வளவு பெரிய ஆலயத்தைப் பள்ளத்திலா கட்டுவார்கள்?" என்றேன்.

"கடலில் வருபவர்களுக்குத் தெரியக் கூடாது என்றுதான், அத்தை," என்றாள் அவள்.

புனித டேவிட் 6ஆம் நூற்றாண்டில் இங்கு ஒரு மடத்தை நிறுவினார். பின்னர் வைக்கிங் கொள்ளையர்கள் பலமுறை இதனைத் தாக்கினர். 999ஆம் ஆண்டிலும் 1080ஆம் ஆண்டிலும் ஆயர்களே கொல்லப்பட்டனர். இன்றுள்ள கட்டடத்தின் பணி 1181ஆம் ஆண்டில் தொடங்கியது. 1220ஆம் ஆண்டில் கோபுரம் சரிந்தது. அதன்பின் நிலநடுக்கமும் தாக்கியது. உள்ளே தூண்கள் வெளிப்புறமாகச் சாய்ந்திருப்பதையும் தரை மேடேறிச் செல்வதையும் இன்றும் காணலாம். சரிந்தபோதெல்லாம் மக்கள் அதனை மீண்டும் எடுத்துக் கட்டினர்.

ஓர் ஆசிரியை என்ற முறையில் என்னை மிகவும் ஈர்த்தது வேறொரு செய்தி. 1536ஆம் ஆண்டுச் சட்டம் வேல்ஸின் நீதிமன்றங்களில் ஆங்கிலத்தை மட்டுமே அனுமதித்தது. வேல்ஸ் மொழி அரசின் ஆதரவை இழந்த அக்காலத்தில், இப்பேராலயத்தின் ஆயர் ரிச்சர்ட் டேவிஸும் பாடற்குழுத் தலைவர் தாமஸ் ஹூயட்டும், அறிஞர் வில்லியம் சேல்ஸ்பரியுடன் இணைந்து புதிய ஏற்பாட்டை வேல்ஸ் மொழியில் பெயர்த்தனர். பெரும்பகுதியைச் செய்தவர் சேல்ஸ்பரி. அந்நூல் 1567ஆம் ஆண்டில் அச்சேறியது. நம் 'தம்பிரான் வணக்கம்' கொல்லத்தில் அச்சானது அதற்குப் பதினொரு ஆண்டுகள் கழித்து, 1578ஆம் ஆண்டில். வில்லியம் மார்கன் 1588ஆம் ஆண்டில் முழு விவிலியத்தையும் வேல்ஸ் மொழியில் வெளியிட்டார். ஆலயந்தோறும் வாசிக்கப்பட்டதால் அம்மொழி மக்களிடம் வாழ்ந்தது.

ஆயினும் 19ஆம் நூற்றாண்டில், பள்ளியில் தாய்மொழி பேசிய பிள்ளையின் கழுத்தில் மரத்துண்டைத் தொங்கவிட்டுத் தண்டித்த பள்ளிகள் அங்கு இருந்தன. அதனை அறிந்தபோது நெஞ்சம் கனத்தது. 1939ஆம் ஆண்டில் அபெரிஸ்ட்வித் நகரில் வேல்ஸ் மொழிவழித் தொடக்கப்பள்ளி ஒன்று ஏழே மாணவர்களுடன் தொடங்கப்பட்டது. இன்று அந்நாடெங்கும் அத்தகைய பள்ளிகள் உள்ளன. 2021ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் ஐந்து இலட்சத்திற்கும் மேற்பட்டோர் வேல்ஸ் மொழி பேசுவதாகப் பதிவு செய்துள்ளனர். இருப்பினும் அது மக்கள்தொகையில் 17.8 விழுக்காடே. அவர்களின் போராட்டம் இன்னும் முடியவில்லை.

நான் பணியாற்றுவது குறைந்த மாணவர்களைக் கொண்ட ஒரு தோட்டப்புறத் தமிழ்ப்பள்ளி. முதலாம் ஆண்டுப் பதிவின்போது ஒரு தாய், "டீச்சர், வகுப்பில் அஞ்சு பேர்தானா?" என்று கேட்டுவிட்டு, மகனை வேறு பள்ளிக்கு அழைத்துச் சென்றார். அன்று எனக்கு மறுமொழி தோன்றவில்லை. அவரைக் குறை கூறவும் மனம் வரவில்லை. தம் பிள்ளையின் நலன் குறித்த கவலை அது.

அடுத்த பதிவின்போது இக்கேள்வி மீண்டும் வரும். அப்பொழுது நான் அந்த ஏழு பிள்ளைகளின் கதையைச் சொல்வேன். பெற்றோர்களே, உங்கள் வீட்டருகே சிறிய தமிழ்ப்பள்ளி இருந்தால், எண்ணிக்கையை மட்டும் பார்த்து முடிவெடுக்காதீர்கள். ஒருநாள் உள்ளே வந்து வகுப்பில் அமர்ந்து பாருங்கள்.