கிராஸ் போயிருக்கு

அம்பாசடரில் பின்சீட்டில் உட்கார்ந்து போனவர்களுக்கு அந்தச் சத்தம் நினைவிருக்கும். டிரைவர் கிளட்ச்சை விட்டதும் காலுக்கடியில் ஒரு ‘டொக்’. ரிவர்ஸ் போட்டால் இன்னொரு ‘டொக்’. ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு மறுபடி மிதித்தால் ‘டொடக்’. வண்டி ஓடிக்கொண்டுதான் இருக்கும். அதனால்தான் எல்லோரும் அதோடு மாசக்கணக்கில் குடித்தனம் நடத்தினார்கள்.

என் பெரியப்பா மதுரையில் டாக்ஸி ஓட்டினார். 1990களின் நடுவில் அவருடைய வண்டியிலும் இந்தச் சத்தம் வந்தது. வழக்கமாக விடும் ஒர்க்‌ஷாப்பில் ஒரு பையன் வண்டிக்கடியில் படுத்து, இன்ஜினிலிருந்து பின் அச்சுக்குப் போகும் நீளமான ஷாஃப்ட்டைக் கையால் பிடித்து இப்படியும் அப்படியும் திருப்பினான். ஷாஃப்ட் நன்றாகவே ஆடியது. “கிரவுன் பினியன் போச்சுண்ணே” என்றார்கள். டிஃபரன்ஷியலுக்குள் இருக்கும் பல்சக்கர ஜோடி அது. அந்த வண்டியில் விலை அதிகமான சாமான்களில் ஒன்று. பெரியம்மாவின் இரண்டு வளையல்கள் அடகுக்கடைக்குப் போயின. புது கிரவுன் போட்டு வெளியே வந்து முதல் சிக்னலில் நின்று கிளம்பினார். டொக்.

அந்தப் பையன் பொய் சொல்லவில்லை என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். ஷாஃப்ட் ஆடியது உண்மை. அந்த ஆட்டம் எங்கிருந்து வந்தது என்பதில்தான் தப்பு. அதைப் புரிந்துகொள்ள, அந்த ஷாஃப்ட் காருக்குள் வந்த கதைக்குப் போக வேண்டும்.

ஆரம்பகால கார்களில் பலவற்றுக்கு, சைக்கிளைப் போல, செயின்தான். 1898இல் பாரிஸில் லூயி ரெனோ என்ற இளைஞர் செயினைத் தூக்கிவிட்டு, சுழலும் ஷாஃப்ட் ஒன்றால் பின் அச்சைத் திருப்பும் சின்னக் காரைச் செய்தார். அந்த வருஷக் கிறிஸ்துமஸுக்கு முந்தின இரவு மோன்மார்த்ர் பகுதியின் செங்குத்தான தெருவில் அதை ஏற்றிக் காட்டினார் என்பது பிரெஞ்சுக்காரர்கள் அலுக்காமல் சொல்லும் கதை. ஷாஃப்ட்டில் ஒரு சிக்கல் உண்டு. இன்ஜின் சேஸிஸோடு உட்கார்ந்திருக்கிறது. பின் அச்சோ ஸ்பிரிங்கில் தொங்கிக்கொண்டு, ஒவ்வொரு பள்ளத்துக்கும் ஏறி இறங்குகிறது. நேரான கம்பியால் இரண்டையும் இணைத்தால் அது உடையும். சுற்றவும் வேண்டும், சுற்றும்போதே மடங்கவும் வேண்டும்.

அப்படி மடங்கும் மூட்டு ஏற்கெனவே இருந்தது. கார் பிறப்பதற்கு இருநூறு வருஷம் முன்பே! ஐரோப்பாவில் இன்றும் அதற்கு 16ஆம் நூற்றாண்டு இத்தாலியரான கார்டானோவின் பெயர்தான் வழங்குகிறது. ஆனால் சுழற்சியைக் கடத்தும் கருவியாக அதை 1670களில் விளக்கி எழுதியவர் ராபர்ட் ஹூக். பள்ளிக்கூடத்தில் ஸ்பிரிங் விதி படித்தோமே, அதே ஹூக்.

இரண்டு கவைகள், நடுவில் சிலுவை மாதிரி ஒரு துண்டு. அவ்வளவுதான் மூட்டு. நம் ஊர் மெக்கானிக்குகள் அதை ‘கிராஸ்’ என்கிறார்கள், சரியான பெயர். இந்த மூட்டு மடங்கிய நிலையில் சுற்றும்போது ஒரு விசித்திரம் நடக்கிறது. உள்ளே வரும் சுழற்சி சீராக இருந்தாலும் வெளியே போகும் சுழற்சி சீராக இருப்பதில்லை. ஒரு சுற்றுக்குள் இரண்டு முறை வேகம் கூடி, இரண்டு முறை குறைகிறது. கார்க்காரனுக்கு இது தலைவலி. ஹூக்குக்கோ இது வரம். ஏனென்றால் அவர் யோசித்துக்கொண்டிருந்தது சூரியக் கடிகாரத்தைப் பற்றி. தரையில் கிடக்கும் சூரியக் கடிகாரத்தில் நிழல் ஒரே வேகத்தில் நகராது. நண்பகலை ஒட்டி மெதுவாகவும், காலை மாலையில் வேகமாகவும் போகும். அந்த ஏற்ற இறக்கமும் மடங்கிய மூட்டின் ஏற்ற இறக்கமும் ஒரே கணக்கு. ஊரின் அட்சரேகைக்கு ஏற்ற கோணத்தில் மூட்டை மடக்கி வைத்துச் சுற்றினால், கடிகாரத்தின் மணிக்கோடுகளை அது தானே காட்டிக்கொடுக்கும். லாரிக்கடியில் கிரீஸ் பூசிக் கிடக்கும் ஒரு இரும்புத் துண்டுக்கு இப்படி ஒரு பூர்வீகம்.

காரில் அந்த ஏற்ற இறக்கத்தை அடக்க ஷாஃப்ட்டின் இரண்டு முனையிலும் ஒவ்வொரு கிராஸ் போட்டார்கள். முன்னது கெடுப்பதைப் பின்னது சரிசெய்யும், இரண்டு கவையும் ஒரே வாட்டத்தில் இருந்தால். விவரமான மெக்கானிக்குகள் ஷாஃப்ட்டைக் கழற்றுமுன் உளியால் மார்க் போடுவது இதனால்தான்.

மிச்சமிருந்த எதிரி மண்ணும் புழுதியும். அமெரிக்காவில் கார்னெல் பல்கலைக்கழக மாணவராக இருந்த கிளாரன்ஸ் ஸ்பைசர், மூட்டைச் சுற்றி மூடி போட்டு உள்ளே எண்ணெய் நிற்கும்படி செய்து 1903இல் காப்புரிமை வாங்கினார். அடுத்த வருஷமே தயாரிப்பில் இறங்கினார். பிற்பாடு சிலுவையின் நான்கு முனைகளிலும் ஊசி மாதிரியான ரோலர்கள் நிறைந்த கிண்ணங்கள் வந்தன. மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு வழியாக நம் அம்பாசடருக்கு வந்து சேர்ந்தது இந்த வகைதான்.

அந்த ஊசி ரோலர்கள் முழுசாக ஒரு சுற்றுகூடச் சுற்றுவதில்லை. ஷாஃப்ட் எவ்வளவு கோணத்தில் மடங்கியிருக்கிறதோ அந்த அளவுக்கு முன்னும் பின்னும் அசைகின்றன, அவ்வளவே. கிரீஸ் வற்றினால் ஒரே இடத்தைத் தட்டித் தட்டிச் சிலுவையில் கோடு கோடாகப் பள்ளம் போட்டுவிடும். முதலில் மெதுவாகப் போகும்போது ‘கீச் கீச்’ என்று குருவி மாதிரி ஒரு சத்தம். அப்புறம் கிண்ணத்தின் ஓரத்தில் செங்கல் நிறத்தில் துருப்பொடி. அதற்கப்புறம்தான் ‘டொக்’. பெரியப்பா வண்டியில் குருவி எத்தனை நாள் கத்தியதோ, யாரும் காது கொடுக்கவில்லை.

இனி அந்தப் பையனுக்கு வருவோம். இன்ஜின் இழுப்பதிலிருந்து தள்ளுவதற்கு மாறும் நொடியில் வழியிலுள்ள எல்லா இடைவெளியும் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் தாவுகிறது. அதுதான் சத்தம். கிரவுனும் பினியனும் பல்லோடு பல் இறுகி உட்கார்ந்தால் சூடேறிச் செத்துவிடும். மயிரிழை இடைவெளி வேண்டும். அச்சுக்கம்பியின் காடிகளிலும் கொஞ்சம் இருக்கும். பிரச்சினை, டிஃபரன்ஷியல் சுழற்சியை நாலு மடங்குக்கு மேல் குறைக்கிறது. அதாவது சக்கரப் பக்கம் ஒரு டிகிரி லூஸ் இருந்தால், ஷாஃப்ட்டைப் பிடித்த கையில் அது நாலு டிகிரிக்கு மேல் தெரியும். நல்ல வண்டியிலேயே ஷாஃப்ட் ஆடும். ஆட்டத்தை மட்டும் பார்த்துத் தீர்ப்புச் சொன்னால் பெரும்பாலும் குற்றவாளி கிரவுனாகத்தான் இருக்கும்.

வளையல் போன பிறகு, டாக்ஸி ஸ்டாண்டில் யாரோ சொல்லி, வயதான பாய் ஒருவரிடம் பெரியப்பா போனார். நானும் கூடப் போயிருந்தேன். அவர் வண்டியை ஓட்டிப் பார்க்கவில்லை. பின்பட்டையின் யூ-போல்ட்டுகளில் ஸ்பேனர் வைத்துப் பார்த்தார், இறுக்கமாக இருந்தன. இன்ஜின் மவுன்டிங் ரப்பரைக் கடப்பாரையால் நெம்பினார். முன் சக்கரத்துக்குக் கல் கொடுத்து, கியரை நியூட்ரலில் போட்டுவிட்டு அடியில் படுத்தார். பையன் ஷாஃப்ட்டைப் பிடித்தான். இவர் கிராஸைப் பிடித்தார். ஒரு கை இந்தப் பக்கக் கவையில், மறுகை அந்தப் பக்கக் கவையில்.

“தம்பி, இங்க வாங்க. விரல வைங்க” என்றார் என்னிடம். வைத்தேன். ஒரு கவை நகர்ந்தது. மற்றது நகராமல் நின்று, கொஞ்சம் கழித்து நகர்ந்தது. அந்தக் ‘கொஞ்சம்’ விரல் நுனிக்குத் தெளிவாகத் தெரிந்தது.

“ரெண்டும் ஒண்ணாப் போகணும். போகலேல்ல? கிராஸ் போயிருக்கு. கிரவுன ஏன் மாத்துனீங்க?”

பெரியப்பா பதில் சொல்லவில்லை. கிராஸின் விலை கிரவுன் விலையில் ஒரு சின்னப் பங்கு. ஒரு மணி நேர வேலை. கழற்றியதை பாய் மண்ணெண்ணெயில் கழுவிக் காட்டினார். சிலுவையின் கையில் பென்சிலால் கோடு கிழித்த மாதிரி வரிசையாகப் பள்ளங்கள்.

1983 டிசம்பரில் வந்த மாருதி 800க்கு முன்சக்கரம்தான் இழுவை; நடுவில் நீள ஷாஃப்ட்டே கிடையாது. சக்கரத்தருகே இருப்பது வேறு வகை மூட்டு. ஆல்ஃபிரட் ர்செப்பா 1920களில் அமெரிக்காவில் உருவாக்கிய, ஆறு குண்டுகள் உருளும் மூட்டு. ஹூக்கின் ஏற்ற இறக்கம் அதில் இல்லை. தேய்ந்தால் திருப்பத்தில் ‘கடகட’ என்கும். ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து ஒரு வட்டம் போட்டால் போதும், கண்டுபிடித்துவிடலாம். 2014 மே மாதம் உத்தர்பாராவில் அம்பாசடர் தயாரிப்பு நின்றபோது, அந்தப் பழைய ‘டொக்’ ஏற்கெனவே லாரிகளுக்கும் ஜீப்புகளுக்கும் ஒதுங்கியிருந்தது.

பெரியப்பா பழைய ஒர்க்‌ஷாப்புக்குப் போய், கழற்றிய கிரவுனைத் திருப்பிக் கேட்டார். இரும்புக் கடைக்குப் போட்டாச்சு என்றார்கள். சண்டை போடவில்லை, திரும்பி வந்துவிட்டார். வளையலை மீட்க அடுத்த வருஷம் ஐயப்ப சீசன் சவாரிகள் வரை ஆனது.